லண்டன்காரங்க சிரிப்பு

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஐப்பசி மழை விடாமல் அடித்துக்கொண்டிருந்த நேரம். கொட்டகலைக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் நாங்கள் இருக்கிறோம். என் மனைவி அப்போதுதான் லண்டனுக்கு வேலைக்குப் போயிருந்தாள். லண்டன் என்பது எங்கள் பேச்சுக்குத்தான். உண்மையில் அவள் போனது இங்கிலாந்தின் வடக்கே, கடலோரத்தில் ஒரு சின்ன ஊருக்கு. அங்கே ஒரு முதியோர் இல்லத்தில் வயதானவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை. தோட்டத்தில் யாரைக் கேட்டாலும் "அவ லண்டன்ல இருக்கா" என்றுதான் சொல்வார்கள்.

எனக்குப் பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. வெளிநாட்டுப் பயணிகள் வந்தால் கூட்டிக்கொண்டு போய், கொழுந்து எப்படித் தூளாகிறது என்று சுற்றிக்காட்டி விளக்க வேண்டும். அதனால் இங்கிலீஷ் ஓடும். ஓடும் என்றால், தேயிலையைப் பற்றி மட்டும். எங்கள் மகள் அப்போது இரண்டாம் ஆண்டு படித்தாள். அதே லயத்தில், வரிசையில் இரண்டு வீடு தள்ளி இருக்கும் என் அக்காதான் அவளுக்குத் தலை பின்னிப் பள்ளிக்கூடம் அனுப்புவார்.

மனைவி தினமும் போனில் கோல் எடுப்பாள். சாப்பிட்டீங்களா, மகள் தூங்கிட்டாளா, மழையா, எனக்கு ஒன்னும் இல்ல நல்லா இருக்கேன். அவ்வளவுதான் பேச்சு. ஒரு நாள் மட்டும் குரல் வேறு மாதிரி இருந்தது.

"என்னங்க, உங்களுக்குத்தான் இங்கிலீஷ் நல்லா வருமே. ஒரு டீவி சிரிப்பு நாடகம் இருக்கு, அதுல என்ன பகிடின்னு பாத்துச் சொல்றீங்களா?"

விஷயம் இதுதான். இல்லத்தில் அவளுடைய பொறுப்பில் ஓர் அம்மா இருந்தார். சின்ன வயதில் பஸ்ஸில் கண்டக்டராக வேலை பார்த்தவராம். கால் நடக்காது, வாய் மட்டும் நன்றாக நடக்கும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தினமும் ஒரு பழைய சிரிப்பு நாடகம் போட்டுப் பார்ப்பார். பக்கத்தில் யாராவது உட்கார்ந்து சேர்ந்து சிரிக்க வேண்டும். என் மனைவிக்கு ஒன்றும் புரியவில்லை. டீவிக்குள்ளிருந்து சிரிப்புச் சத்தம் வரும்போதெல்லாம் அவளும் சிரித்து வைத்திருக்கிறாள். அந்த அம்மா சட்டென்று டீவியை நிறுத்திவிட்டு, "புரியாட்டி சிரிக்காதே. சும்மா சிரிக்கிறவங்க எனக்கு ஏற்கெனவே நிறையப் பேர் இருக்காங்க" என்று சொல்லிவிட்டார். அதோடு விடாமல், தனக்கு வேறு ஆளைப் போடுங்கள் என்று மேனேஜரிடமும் கேட்டுவிட்டார்.

முதல் சில மாதங்கள் பார்த்துத்தான் வேலையை உறுதி பண்ணுவார்கள். வேலை போனால் விசாவும் போகும். அவ்வளவு தூரம் போய், ஒரு பகிடிக்குச் சிரிக்கத் தெரியாமல் திரும்பி வந்தாள் என்று ஆகிவிடுமோ என்று எனக்கு உள்ளுக்குள் பயம் பிடித்துக்கொண்டது.

அன்று மாலையே அந்த நாடகத்தைப் போனில் தேடி எடுத்தேன். எங்கள் வீட்டில் ஜன்னல் ஓரத்தில் மட்டும்தான் சிக்னல் நிற்கும். அங்கே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். அக்காவும் வந்து தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டார்.

கடலோரத்தில் ஒரு பழைய வீடு. கல்யாணம் ஆகாத, வயதான அண்ணனும் தங்கையும் அதில் ஆட்களைத் தங்கவைத்துப் பிழைக்கிறார்கள். கூரை ஒழுகுகிறது. தங்க வந்த மனுஷன் கட்டிலில் குடையைப் பிடித்தபடி படுத்திருக்கிறார். அறை முழுக்கச் சட்டி, பானை, வாளி. தங்கச்சிக்காரி டீயை எடுத்துக்கொண்டு சட்டிகளைத் தாண்டித் தாண்டி வருகிறாள். டீயை நீட்டிவிட்டு, கூரையை அண்ணாந்து பார்த்து, "இன்னைக்குக் கொஞ்சம் ஈரமா இருக்குபோல" என்கிறாள். அவர் குடையை மடக்காமல், "அப்படியா, நான் கவனிக்கவே இல்லையே" என்கிறார். பின்னால் ஒரு கூட்டமே விழுந்து விழுந்து சிரிக்கிறது.

நான் ஒரு சொல் விடாமல் புரிந்துகொண்டேன். சிரிப்பு மட்டும் வரவில்லை.

"ஐயோ பாவம், அந்த மனுசன் நனையுறாரு," என்றார் அக்கா. "இதுக்கா சிரிக்கிறாங்க? யாருடா அது பின்னால சிரிக்கிறது?"

மறுநாள் வேலைக்குப் போயும் மனம் அதிலேயே இருந்தது. மத்தியானம் பத்துப் பன்னிரண்டு பேரோடு ஒரு வேன் வந்தது. எல்லாரும் இங்கிலாந்துக்காரர்கள். சுற்றிக்காட்டி முடிக்கும்போது வெளியே பனி இறங்கி, முன்னால் நிற்கும் மரம்கூடத் தெரியவில்லை. டிரைவர் இப்போது வண்டியை எடுக்க முடியாது என்று சொல்லிவிட்டார். எல்லாரும் டீயோடு உட்கார்ந்துவிட்டார்கள். ஜன்னலோரத்தில் தனியாக இருந்த ஒரு பெண்மணியிடம் போனேன். ஐம்பது, ஐம்பத்தைந்து வயது இருக்கும். கேட்கலாமா என்று கூச்சமாகத்தான் இருந்தது. இருந்தாலும் மனைவியின் கதையைச் சொல்லி, போனில் கூரை ஒழுகும் இடத்தைப் போட்டுக் காட்டினேன்.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். "கொஞ்சம் ஈரமா இருக்கு" என்ற இடத்தில் அவருக்குத் தோள் குலுங்கியது. பிறகு என்னைப் பார்த்தார். கேலி செய்யவில்லை. பக்கத்து நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார்.

"நாங்க கஷ்டத்தைக் கஷ்டம்னு சொல்றதில்லை," என்றார். "சொன்னா வெட்கம். அதனால சின்னதாக்கிச் சொல்வோம். எவ்வளவு சின்னதாச் சொல்றோமோ அவ்வளவு பெரிசுன்னு கேக்கிறவங்க புரிஞ்சுக்கணும். வீடே இடிஞ்சு விழுதுன்னு அவளுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். ரெண்டு பேரும் சொல்லமாட்டாங்க. அதுதான் சிரிப்பு." கொஞ்சம் நிறுத்தி, "அதுதான் அழுகையும்" என்றார். பிறகு கேட்டார், "உங்க ஊர்ல இப்படிப் பேச மாட்டீங்களா?"

"இல்லை, நாங்க எல்லாத்தையும் நேரா சொல்லிடுவோம்" என்று நான் பெருமையாகச் சொன்னேன்.

சாயந்திரம் நனைந்துகொண்டே வீட்டுக்கு வந்தேன். அக்கா வீட்டில் அடுப்படிக்கு மேலே தகரம் விட்டுப்போய், தண்ணீர் கம்பியாக இறங்கிக்கொண்டிருந்தது. கீழே பெரிய பேசினை வைத்துவிட்டு, அக்கா பக்கத்திலேயே உட்கார்ந்து ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தார்.

"என்னக்கா, ரொம்ப ஒழுகுதா?"

அக்கா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "அதெல்லாம் இல்லடா. தண்ணி பிடிக்கப் பைப்படிக்குப் போற வேலை மிச்சம்."

நான் வாசலிலேயே நின்று சிரித்தேன். அடக்க முடியவில்லை. என்னவென்று கேட்டுக் கேட்டுப் பார்த்துவிட்டு, இவனுக்குப் பொண்டாட்டி இல்லாமல் புத்தி மாறிப்போச்சு என்று மகளிடம் அக்கா சொல்லிக்கொண்டிருந்தார்.

அன்றைக்கு மனைவி கோல் எடுத்தபோது எல்லாவற்றையும் சொன்னேன். பனி, அந்தப் பெண்மணி, கடைசியில் அக்காவின் பேசின். அக்கா சொன்னதைச் சொன்னதும் அந்தப் பக்கம் அவள் சிரிக்கும் சத்தம் கேட்டது. போனதிலிருந்து அவள் அப்படிச் சிரித்து நான் கேட்கவில்லை. சிரிக்கும்போது நடுவில் மூச்சை இழுத்துக்கொள்வாள். அது அவள் பழக்கம். அதை எவ்வளவு தேடியிருக்கிறேன் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

இரண்டு நாள் கழித்து, அந்த அம்மாவின் கை நடுங்கி, முழு டீயும் போர்வையில் கொட்டிவிட்டதாம். புது ஆள் இன்னும் வரவில்லை, என் மனைவிதான் பக்கத்தில் நின்றிருக்கிறாள். அந்த அம்மா முகம் சிவந்து, திட்டுவதற்குத் தயாராக இருந்திருக்கிறார். இவள் போர்வையைப் பார்த்து, கூரையைப் பார்த்து, "இன்னைக்குக் கொஞ்சம் ஈரமா இருக்குபோல" என்று இங்கிலீஷில் சொல்லியிருக்கிறாள்.

"முதல்ல என்னையே பாத்தாங்க," என்றாள் மனைவி. "அப்புறம் சிரிச்சாங்க பாருங்க, இருமல் வந்து முதுகைத் தடவிவிட வேண்டியதாப் போச்சு."

வேறு ஆள் கேட்ட பேச்சு அதோடு போனது. அதன்பின் மதியத்தில் அவர்கள் நாடகம் பார்க்கும்போது, அந்த அம்மாவே சொல்லி, மனைவி எனக்கும் கோல் போட்டுப் போனை மேசையில் வைப்பாள். அங்கே பகல், இங்கே இருட்டி விளக்குப் போட்டிருப்போம். நான் ஜன்னலோரத்தில் உட்கார்ந்து இயர்போனைக் காதில் மாட்டிக்கொண்டு கேட்பேன். அந்த அம்மாவின் சிரிப்பு கரகரவென்று முதலில் வரும். பிறகு இவளுடையது. அந்த அரை மணி நேரம் அவள் பக்கத்து அறையில் இருப்பதுபோல இருக்கும். கோலை வைத்ததும் வீடு இன்னும் பெரிதாகத் தெரியும்.

ஒரு தடவை மனைவி சொன்னாள், "இவங்க மகன் ஆஸ்திரேலியாவில இருக்காராம். வர்றதில்லையான்னு கேட்டேன். அவனுக்குக் கொஞ்சம் வேலை அதிகம்னாங்க. நான் மேல கேக்கல."

தைப்பொங்கல் முடிந்த வாரம் என்று நினைக்கிறேன். வழக்கம்போல அவளிடம், "எப்படி இருக்க?" என்று கேட்டேன்.

"நல்லா இருக்கேன். ராத்திரிக்குத்தான் கொஞ்சம் குளிரு. பரவாயில்ல."

இதை அவள் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். நான் எங்கள் பக்கத்துக் குளிரை நினைத்துக்கொண்டு, சரி என்று மகளைப் பற்றிப் பேசப் போய்விடுவேன். அன்றைக்கு அந்தக் "கொஞ்சம்" என் காதில் வேறு மாதிரி விழுந்தது.

"கொஞ்சம்னா எவ்வளவு?"

மறுபடியும் கேட்டேன். அவள் அழ ஆரம்பித்துவிட்டாள்.

இல்லத்தார் ஏற்பாடு செய்து கொடுத்த அறையில் ஹீட்டர் வேலை செய்யவில்லையாம். குளிர் தொடங்கிய நாளிலிருந்தே இல்லை. போட்டிருக்கும் கோட்டோடு, இரண்டு கம்பளிக்குள் சுருண்டு படுக்கிறாளாம். காலையில் விரல் மடங்காதாம். சொன்னால் வேலைக்குக் கெடுதல் வருமோ என்று வாயைத் திறக்கவில்லை. நான் கவலைப்படுவேன் என்று எனக்கும் சொல்லவில்லை. நான் இங்கே இரண்டு போர்வை போர்த்தித் தூங்கிய நாளெல்லாம் ஞாபகம் வந்தது. இத்தனை மைலுக்கு அப்பால் இருந்து நான் என்ன செய்ய முடியும்? போனை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "யாருகிட்டயாவது சொல்லு. அந்த அம்மாகிட்டயாவது சொல்லு" என்று மட்டும் சொன்னேன்.

சொன்னாள். அந்த அம்மா அன்று மதியச் சாப்பாட்டைத் தொடவே இல்லையாம். மேனேஜர் வந்து விசாரித்தபோது, எல்லாரும் இருக்கும் கூடத்தில், மெதுவான குரலில் சொன்னாராம், "ஒன்றுமில்லை. இந்தப் பொண்ணோட ரூம்ல கொஞ்சம் குளிருதாம். அதை நினைச்சா எனக்குச் சாப்பாடு இறங்கல."

அன்று மாலையே ஆள் வந்து ஹீட்டரைச் சரிசெய்துவிட்டுப் போனான். அந்த அம்மா ராத்திரிச் சாப்பாட்டை முழுசாகச் சாப்பிட்டு, இன்னும் கொஞ்சம் கேட்டாராம். நான் அவரை நேரில் பார்த்ததில்லை. ஒருமுறை போனில் நன்றி சொன்னபோது, "எனக்குத் துணைக்குச் சிரிக்கிற ஆள் விறைச்சுப் போயிடக்கூடாதே" என்று சொல்லிவிட்டு டீவியைப் பெரிதாக வைத்துவிட்டார்.

சித்திரைப் பிறப்புக்கு முந்தின வாரம் ஒரு கோல் வந்தது. எப்போதும் வரும் நேரம்தான். டீவி சத்தம் கேட்கவில்லை.

"அந்த அம்மா இன்னைக்கு டீவி பாக்க வரலங்க," என்றாள்.

அவள் எவ்வளவு பெரியதைச் சின்னதாக்கிச் சொல்கிறாள் என்று எனக்குப் புரிந்துவிட்டது. "ஒரு தடவை நாம ரெண்டு பேரும் பாப்பமா?" என்றாள். அவள் ஓய்வு நேரத்தில் தன் அறையில் இருந்தாள். நான் ஜன்னலோரத்தில். கூரை ஒழுகும் அந்தப் பகுதியையே போட்டோம். டீவிக்குள் இருந்த கூட்டம் எப்போதும்போலச் சிரித்தது. அந்தக் கரகரச் சத்தம் மட்டும் இல்லை. தங்கச்சிக்காரி கூரையை அண்ணாந்து பார்க்கும் இடத்தில் மனைவி சிரித்தாள், நடுவில் மூச்சை இழுத்தாள், அந்த மூச்சு திரும்பிச் சிரிப்பாக வரவில்லை. நாடகம் முடிந்த பிறகும் நாங்கள் கோலை வைக்கவில்லை.

அவள் இன்னும் அங்கேதான் இருக்கிறாள். இடையில் ஒரு தடவை வந்து, மகள் வளர்ந்திருப்பதைப் பார்த்து அதிசயப்பட்டுவிட்டுத் திரும்பிப் போனாள். தொழிற்சாலைக்கு வரும் இங்கிலாந்துக்காரர்கள் யாராவது, டீ கொஞ்சம் ஆறிவிட்டது போலிருக்கிறது என்று சிரித்துக்கொண்டே சொன்னால், நான் உடனே போய்ப் புது டீ கொண்டுவந்து வைக்கிறேன். யாரோ எதற்கோ சிரிக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளப் போய், என் மனைவி பேசுவதைக் கேட்க நான் பழகிக்கொண்டேன். அதனால் அவள் இல்லாத குறை கொஞ்சமும் குறையவில்லை, அவள் எவ்வளவு தூரத்தில் இருக்கிறாள் என்பது மட்டும் இப்போது எனக்குச் சரியாகத் தெரிகிறது.