ஏ ஷிப்டில் வந்த குரு

எனக்குக் கோபம் வந்தால் வாயில் என்ன வரும் என்று எனக்கே தெரியாது. அப்படி வந்த ஒரு பேச்சால்தான் என் கல்யாணம் நடந்தது. பெருமைக்காகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

தொண்ணூறுகளின் கடைசி அது. ராயபுரத்தில் கல்மண்டபத்துக்குப் பக்கம், கப்பல் சரக்குக்கு பில் போடும் ஒரு சின்ன ஆபீசில் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். வீடு திருவொற்றியூரில். நைனாவுக்கு எண்ணூர்ப் பக்கம் ஒரு இரும்பு ஃபேக்டரியில் ஷிப்ட் வேலை. எங்கள் தெருவில் கடிகாரம் ஓடாத வீடு உண்டு, ஃபேக்டரிச் சங்கு கேட்காத வீடு கிடையாது. காலை ஆறுக்கு ஊதினால் ஏ ஷிப்ட், மதியம் இரண்டுக்கு பி, ராத்திரி பத்துக்கு சி. உலை வைப்பது, பிள்ளைகளைக் குளிப்பாட்டுவது, குழாயடிச் சண்டையை நிறுத்துவது எல்லாமே சங்குக் கணக்குதான்.

என்னைப் பெண் பார்க்க வந்தவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர். பஜ்ஜியைக் கையில் வைத்துக்கொண்டு, கேட்டாரே ஒரு கேள்வி.

"மத்தியானம் மொட்டைமாடில தனியா குந்திகினு சாப்புடுறது நீங்கதான?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவருடைய கிரேன் கேபினிலிருந்து எங்கள் ஆபீஸ் மாடி தெரியுமாம். "சோத்துல கல்லு வந்தா டிபன் பாக்ஸை மொறைப்பீங்க" என்றார்.

"அவ்ளோ தூரத்துலேர்ந்து மூஞ்சி தெரியுமா?"

"மூஞ்சி தெரியாது. தலை ஆடுறத வெச்சு கண்டுபுடிச்சேன்."

போதும் என்று தோன்றிவிட்டது. இந்த ஆளைத்தான் கட்டிக்கொள்வேன், இல்லாவிட்டால் யாருமே வேண்டாம். எனக்கு இருபத்தேழு வயது, அதற்கு முன் நாலு பேர் வந்து பஜ்ஜி தின்றுவிட்டுப் போயிருந்தார்கள். அவர்களில் ஒருத்தர்கூட என் தலையைக் கவனித்ததில்லை.

பொருத்தம் பார்த்தார்கள், பொருந்தியது. ஆனால் குரு பலன் இல்லை. நான் பூரட்டாதி, கும்ப ராசி. குரு அப்போது எனக்கு மூன்றாம் இடத்தில் இருந்தார். அடுத்த வருஷம் நாலாம் இடம். அதையும் தாண்டி ஐந்தாம் இடமான மிதுனத்துக்கு வந்தால்தான் கல்யாணம் என்று அம்மா ஒரே பிடியாகப் பிடித்துக்கொண்டாள். அவருடைய அம்மாவோ, "தை தாண்டக் கூடாது. எங்க சொந்தத்துல ஒரு பொண்ணு ரெடியா கீது" என்று முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டுப் போனார்.

அம்மாவின் பிடிவாதத்துக்குக் காரணம் அவளுடைய கல்யாணம். முகூர்த்தம் காலை ஆறு முதல் ஏழரை. மாப்பிள்ளையான நைனாவுக்கே லீவு தரவில்லை, முந்தின ராத்திரி சி ஷிப்டுக்குப் போயிருக்கிறார். காலை ஆறு மணிக்கு அவரை மாற்றிவிட வேண்டிய ரிலீவர் வரவில்லை. உலையை அப்படியே விட்டுவிட்டு வர முடியுமா? ஒன்பது மணிக்குக் காக்கிச் சட்டையோடு ஓடி வந்து தாலி கட்டியிருக்கிறார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் நடந்த ஒவ்வொரு கெடுதலுக்கும் அதுதான் காரணம். ஃபேக்டரி லாக்-அவுட் ஆனது, கூரை ஒழுகியது, பால் திரிந்தது, எல்லாமே முகூர்த்தம் தப்பியதால்தான்.

"ரிலீவர் வரல, நான் இன்னா பண்றது?" என்பார் நைனா.

"நீ பேசாத" என்பாள் அம்மா. இந்த இரண்டு வசனத்தையும் கேட்டுக்கொண்டேதான் நான் வளர்ந்தேன்.

மார்கழி பிறந்துவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பேப்பரில் விஞ்ஞானப் பக்கம் படித்துக்கொண்டிருந்தேன். எங்கோ தொலைதூரத்தில் நம் சூரியனைப் போலவே ஒரு நட்சத்திரம். அதைச் சுற்றி நம் குருவைப் போல ஒரு பெரிய கிரகம் ஓடுகிறதாம், சில வருஷம் முன்பே கண்டுபிடித்துவிட்டார்களாம். அந்த நேரம் பார்த்து அம்மா அடுப்படியிலிருந்து, "ரெண்டு வருசம் பொறுத்தா இன்னா, கெழவியாவா பூடுவே?" என்று கேட்டாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"உன் குரு ஒரு சுத்து சுத்த பன்னெண்டு வருசம்! இதோ பார், இங்க ஒரு குரு கீறாரு, நாலே நாள்ல சுத்திட்டு வந்துடுறாரு! அவர வெச்சு எனக்குக் கல்யாணம் பண்ணு!" என்று கத்திப் பேப்பரைத் தூக்கி எறிந்தேன்.

அம்மா கரண்டியோடு வெளியே வந்தாள். "எங்க கீறாரு?" என்றாள்.

"யாரு?"

"அந்த குரு."

பேப்பரைப் பொறுக்கிப் பார்த்தேன். சத்தியமாக அதில் அப்படித்தான் போட்டிருந்தது: நம்மவர்கள் பூரட்டாதி என்று சொல்லும் இரண்டு நட்சத்திரங்களுக்குப் பக்கத்தில். அம்மா அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "பூரட்டாதிக்கு அதிபதியே குருதாண்டி" என்றாள். அந்தக் கிரகத்தை யாரும் கண்ணால் பார்க்கவில்லை, நட்சத்திரம் லேசாக ஆடுவதை வைத்துத்தான் கண்டுபிடித்தார்கள் என்று நான் எவ்வளவோ சொன்னேன். "பாக்காமலே இருக்குன்னு சொல்றாங்கன்னா சாமியேதான்" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

தேரடிக்குப் பின்னால், சைக்கிள் கடைக்கு மேல்மாடியில் எங்கள் ஜோசியர் இருந்தார். ஜோசியத்துக்கு வருவதற்கு முன் ஒரு ஃபேக்டரியில் ஷிப்டுக்கு ஆள் வரும் நேரம் குறிக்கும் டைம்கீப்பராக இருந்து ரிட்டையர் ஆனவர். அவர் சிரித்துத் துரத்திவிடுவார் என்று நம்பித்தான் நானும் கூடப் போனேன். மனுஷன் சிரிக்கவில்லை. பேப்பரை இரண்டு தடவை படித்தார், மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார், பென்சிலை எடுத்தார்.

"பன்னெண்டு ராசி. நாலு நாள். அப்போ ஒரு ராசிக்கு எட்டு மணி நேரம்." பென்சில் அப்படியே நின்றது. எங்களை நிமிர்ந்து பார்த்தார். கண் கலங்கியிருந்தது. "அம்மா, இது ஷிப்ட்!"

அந்த நேரம் பார்த்து இரண்டு மணிச் சங்கு ஊதித் தொலைத்தது. ஜோசியர் சோழியை உருட்டிப் பார்த்து, "இதோ, இந்தச் சங்குக்கு மேஷத்துல நுழையறார்" என்று அறிவித்தார். மேஷம் பி ஷிப்ட், ரிஷபம் சி ஷிப்ட், எனக்கு வேண்டிய மிதுனம் ஏ ஷிப்ட். பேப்பரில் நாலு நாளுக்கு மேல் கொஞ்சம் சொச்சம் இருக்கிறதே என்று கேட்டேன். "அது டீ பிரேக்" என்றார்.

தையில் காலை ஆறு முதல் ஏழரைக்கு ஒரு முகூர்த்தம் குறித்துக் கொடுத்தார். அன்றைக்குக் காலை ஆறிலிருந்து குரு மிதுனத்தில். ஆனால் ஒரு நிபந்தனை. குருப்பெயர்ச்சி என்றால் பரிகாரம் உண்டு அல்லவா? கொண்டைக்கடலை மாலை சாத்த வேண்டும். வருஷத்துக்கு ஒரு தடவை பெயர்ந்தால் வருஷத்துக்கு ஒரு மாலை. சங்குக்குச் சங்கு பெயர்ந்தால்?

அம்மா அதையும் செய்தாள். ஊறவைத்த கடலையை ஊசியில் கோத்து, சங்கு ஊதியதும் சுவரிலிருந்த குரு படத்துக்குச் சாத்துவாள். அடுத்த சங்குக்குக் கழற்றிச் சுண்டல் பண்ணிவிடுவாள். ஒரு நாளைக்கு மூன்று மாலை, மூன்று சுண்டல். நைனாவின் டிபன் பாக்ஸில் சுண்டல், என் டிபன் பாக்ஸில் சுண்டல், தெருவுக்கே சுண்டல். ஆபீஸ் மேனேஜர், "உங்க வீட்ல தினம் கொலுவாம்மா?" என்று கேட்டார். சாயந்திரமானால் வயிறு கடமுடவென்று பேசும், எதிரில் இருப்பவருக்குக் கேட்காமல் இருக்க நான் வேகமாக டைப் அடிப்பேன்.

தெருவுக்கும் விஷயம் பரவியது. "யக்கா, மகர ராசிக்கு இந்த பி ஷிப்ட் எப்டி?" என்று ஜன்னலில் வந்து கேட்பார்கள். ஷேர் ஆட்டோக்காரர் ஒருத்தர் தனக்கு ஆகாத ஷிப்டில் வண்டியையே எடுக்கவில்லை. நைனாவுக்கு ஒரே கவலைதான்: "பாவம், வீக்லி ஆஃப்கூட இல்லாம ஓடிகினு கீறாரு. ஓவர்டைம் யாரு குடுக்கறது?" மாப்பிள்ளையின் அம்மா மட்டும் தெளிவாக இருந்தார். "எந்த குருவோ, தைக்குள்ள வந்தா சரி" என்று சொல்லி அனுப்பினார்.

கல்யாண நாளும் வந்தது. கோயில் பக்கத்தில் சின்ன மண்டபம். இந்தத் தடவை நைனா இரண்டு நாள் முன்பே லீவு எழுதிக்கொடுத்திருந்தார். விடிவதற்கு முன்பே கஞ்சி போட்ட வேட்டியோடு மணவறைக்குப் பக்கத்தில் வந்து நின்றுகொண்டார், எங்கேயும் நகரவில்லை. ஆறு மணிச் சங்கு ஊதியது. "மிதுனம்!" என்றார் ஜோசியர். எல்லாரும் கையெடுத்துக் கும்பிட்டார்கள்.

மாலை மாற்றி உட்கார்ந்தோம். தாலித் தட்டு எல்லாரிடமும் ஆசீர்வாதம் வாங்கச் சுற்றிக்கொண்டிருந்தது. அப்போது இந்த மனுஷன் என் பக்கம் சாய்ந்து, "ஒனக்கு ஒண்ணு தெரியுமா? விசாரிச்சேன். அந்த நட்சத்திரத்து வெளிச்சம் நம்மகிட்ட வந்து சேர அம்பது வருசம் ஆவுதாம். இப்ப நாம பாக்குறது அம்பது வருசத்துக்கு முந்தின குரு" என்றார்.

என் பின்னால் அம்மா நின்றுகொண்டிருந்தாள்.

"மேளத்த நிறுத்து!" என்றாள்.

மேளம் நின்றது. மண்டபமே என்னைப் பார்த்தது. மாலையைக் கழற்றி அவர் தலையில் நாலு சாத்து சாத்தலாமா என்று இருந்தது. ஒரு மாசம் சுண்டல் தின்று சேர்த்த கல்யாணத்தை, வாயை மூடிக்கொண்டு அரை மணி நேரம் உட்கார முடியாமல் கெடுத்துவிட்டாரே! ஜோசியர் ஒரு வாழை இலையைத் தரையில் விரித்து, ஐம்பது வருஷத்தில் எத்தனை ஷிப்ட் என்று குங்குமத்தால் கணக்குப் போட ஆரம்பித்தார். "மணி ஏழு தாண்டிடுச்சு" என்று மாப்பிள்ளையின் அம்மா குரல் கொடுத்தார். மடியில் சொட்டியபோதுதான் நான் அழுதுகொண்டிருப்பது எனக்கே தெரிந்தது.

அம்மா மாப்பிள்ளைக்கு எதிரே குந்தினாள்.

"அம்பது வருசமா?"

"ஆமா அத்தை."

"அப்போ நான் பொறந்த வருசம் கெளம்பிச்சு."

"கிட்டத்தட்ட அப்டித்தான்."

"நடுவுல எங்கயும் நிக்கலியா?"

"நிக்காது அத்தை. நேரா வந்துகினே இருக்கும்."

அம்மா திரும்பி நைனாவைப் பார்த்தாள். அவர் வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டு, ஏதோ தப்புச் செய்தவர் போல நின்றிருந்தார்.

"லேட்டுதான்" என்றாள் அம்மா. "ஆனா எங்கயும் நிக்காம வந்துகீது. இதோ நிக்கறாரே, இவரும் அப்டி வந்தவருதான். இவரோடதான் இத்தினி வருசமா குப்ப கொட்டிகினு கீறேன். இன்னா கொறஞ்சு பூட்டேன்?" மாப்பிள்ளை கையில் தாலியை எடுத்துக் கொடுத்தாள். "கட்டுப்பா."

கெட்டிமேளம் கொட்டியது. அந்தச் சத்தத்துக்கு நடுவே, யாரும் கேட்காமலே, நைனா சொன்னார்: "ரிலீவர் வரல."

"தெரியும்யா" என்றாள் அம்மா.