மைக்கை அணைக்காத தெய்வநாயகி

கோட்டைக்குப்பத்துத் தெய்வநாயகிக்கு இடது முன்கை சற்று வளைந்திருக்கும். ஏழு வருடங்களுக்கு முன் அவள் புருஷன் கோதண்டம் துடுப்பால் அடித்து உடைத்த கை அது. குழம்பில் உப்பு கூடிவிட்டது என்பதுதான் காரணம். அதற்கு முன்பு மூக்கு உடைந்திருந்தது. அதற்கும் முன்பு இரண்டு பற்கள் போயிருந்தன. ஒவ்வொரு முறையும் படகில் வழுக்கி விழுந்ததாகவே மருத்துவமனையில் சொல்லி வந்தாள்.

கை உடைந்த அன்று கட்டுப் போட்ட நர்ஸ், "இந்த வாட்டியும் படகா?" என்று கேட்டாள்.

"இல்ல சிஸ்டர். புருஷன்."

அது தன் வாயிலிருந்துதான் வந்தது என்பதை நம்பத் தெய்வநாயகிக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. அன்று அவள் கோதண்டத்தின் வீட்டுக்குத் திரும்பவில்லை. பிறந்த வீட்டுக்கு, நைனாவிடம் போனாள். "நாலு நாள் இருந்துட்டுப் போம்மா" என்றார் நைனா. அவள் போகவில்லை. கோதண்டம் இரண்டு முறை வந்தான். முதல் முறை முடியைப் பிடித்துத் தெருவரைக்கும் இழுத்துப் போனான். இரண்டாம் முறை அவள் அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த சோற்றுக் கஞ்சியை அப்படியே தூக்கி அவன் காலில் ஊற்றினாள். அவன் அலறிய அலறல் ஏரிக்கரைவரை கேட்டதாக ஊரில் சொன்னார்கள். பிறகு அவன் வரவில்லை. காசிமேட்டில் யாரோடோ இருப்பதாகச் சேதி மட்டும் வந்தது.

காதிலும் கழுத்திலும் இருந்ததை விற்று ஒரு பழைய லோடு ஆட்டோ வாங்கினாள். விடியற்காலையில் பொன்னேரி சந்தையில் காய்கறி எடுத்து, பழவேற்காட்டைச் சுற்றியுள்ள குப்பங்களில் மதியம்வரை விற்பாள். வளைந்த கையால் ஹேண்டில் பிடிப்பது முதல் மாதம் உயிர் போகிற வலியாக இருந்தது. அப்புறம் பழகிவிட்டது.

பழவேற்காடு கடைவீதியில் ரேடியோ, மிக்சி ரிப்பேர் செய்யும் பஷீர் பாய்தான் அவளுக்கு ஸ்பீக்கர் கட்டிக் கொடுத்தவர். "வெங்காயம், தக்காளி, உருளை" என்று ஒரு ஆண் குரலைப் பதிந்தும் கொடுத்தார். இரண்டு நாள் அதைப் போட்டாள். மூன்றாம் நாள் திரும்ப வந்து, "பாய், இந்தாளு சாவுக்குச் சொல்ற மாதிரி கூவுறான். எனக்கு மைக்கே குடுங்க" என்றாள்.

அப்படித்தான் அவள் பேச ஆரம்பித்தாள். விலை சொல்லி முடித்ததும் என்ன தோன்றுகிறதோ அதைப் பேசுவாள்.

"தம்பிங்களா, ஒரு நாளைக்கு நாப்பது தடவ போன் போட்டு, எங்க கீற, எங்க கீறன்னு கேக்குறீங்களே. அது லவ்வு இல்லடா. வாத்தியார் அட்டெண்டன்ஸ் எடுக்குறது."

"இறா நல்லா பட்ட வாரத்துல போயி புது போன் வாங்காதீங்கம்மா. ஐப்பசி மழையில ஏரிக்குப் போவ முடியாதப்போ அந்தப் போனை வறுத்துத் துண்ண முடியுமா? அரிசி வாங்கிப் போடுங்க, எண்ண வாங்கிப் போடுங்க. அப்புறம் என்கிட்ட கத்திரிக்கா வாங்குங்க."

கருவேப்பிலை சுற்றி வரும் பழைய பேப்பரில் படித்த அதிசயச் செய்திகளையும் விடமாட்டாள். "கணவா மீனுக்கு மூணு இருதயமாம். பேப்பர்ல போட்டுக்கீது. கடல் குதிரையில ஆம்பளதான் வயித்துல சொமந்து குட்டி போடுதாம். யாராவது ஆம்பள அந்தக் குதிரையைப் பாத்தா கொஞ்சம் கால்ல வுழுந்து கும்புட்டுட்டு வாங்க."

பெண்கள் வாசலில் கூடையோடு நின்று சிரிப்பார்கள். வலை பின்னிக்கொண்டிருக்கும் ஆண்கள் சிரிக்காதது போல் சிரிப்பார்கள். நாளடைவில் காய் வாங்குகிற சாக்கில் வந்து காதோடு காதாக எதையாவது கேட்டுப்போகிறவர்கள் அதிகமானார்கள். அவள் எல்லாருக்கும் பதில் வைத்திருந்தாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

தோணிரேவு நிவேதா அப்படித்தான் வந்தாள். இருபத்தொரு வயது. பொன்னேரியில் கல்லூரி முடிக்கப்போகும் பெண். அதே ஊர் முரளியோடு அவளுக்கு இரண்டு வருடப் பழக்கம். சொந்தப் படகு வைத்திருக்கும் வீட்டுப் பையன். இரண்டு வீட்டிலும் சம்மதம்.

அன்று நிவேதா ஒரு தக்காளியை எடுத்து உருட்டிக்கொண்டே நின்றாள்.

"அக்கா, கை ஓங்குறாரு. ஆனா அடிக்கல. பக்கத்துல செவுத்துல குத்துறாரு. என் போனை வாங்கி ஏரியில வீசிட்டாரு. அப்புறம் அழுவுறாரு. இதெல்லாம் தப்புல சேத்தியா?"

"செவுரு எத்தினி நாளைக்குத் தாங்கும்? அடுத்தது உன் மூஞ்சிதான். வுட்டுரு" என்றாள் தெய்வநாயகி.

நிவேதா அன்றே முரளியிடம் கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

தெய்வநாயகி அதோடு விட்டிருக்கலாம். மறுநாள் அதே தோணிரேவில் மைக்கைப் பிடித்ததும் நாக்கு சும்மா இருக்கவில்லை. "ஒரு அதிசய நியூஸ் கேளுங்க. நம்ம பக்கத்துல ஒரு மாப்ள லவ்வுல போனைத் தூக்கி ஏரியில வீசிக்கிறாரு. மடவ மீனுக்கெல்லாம் இனிமே வாட்சப்பு வருமாம்" என்றாள். தெருவே சிரித்தது. ஏரியில் போன போன் யாருடையது என்பது ஊரில் பாதிப் பேருக்கு ஏற்கெனவே தெரியும். மீதிப் பேருக்கு அன்று தெரிந்தது.

அன்று சாயங்காலம் நிவேதா கல்லூரி பஸ்ஸிலிருந்து இறங்கிய இடத்திலேயே முரளி காத்திருந்தான். ஜடையைப் பிடித்து நிழற்குடையின் தூணில் அவள் தலையை மோதினான். கீழே விழுந்தவளை வயிற்றில் மிதித்தான். அவள் கத்தக் கத்த மிதித்தான். சுற்றி இருபது பேர் இருந்தார்கள். "டேய், வுடுடா" என்று தூரத்திலிருந்து யாரோ சொன்னார்களே தவிர ஒருவரும் கிட்டே வரவில்லை. அவனாகவே களைத்துப் போன பிறகுதான் விட்டான். போலீஸ் வந்து விசாரித்தபோது யாரும் எதையும் பார்த்திருக்கவில்லை. முரளியையும் காணோம்.

சேதி கேட்டுத் தெய்வநாயகி மருத்துவமனைக்கு ஓடினாள். நிவேதாவின் ஒரு கண் முழுதாக மூடி வீங்கியிருந்தது. நெற்றியில் ஒன்பது தையல். மற்றொரு கண்ணால் அவளைப் பார்த்துவிட்டு நிவேதா சொன்னாள்: "என்னை வெச்சு காமெடி பண்ணிட்ட இல்லக்கா."

தெய்வநாயகி வெளியே வந்து ஆட்டோவில் உட்கார்ந்தாள். கோதண்டம் அடித்த எந்த அடியும் அந்தச் சொல்போல வலித்ததில்லை என்று பின்னாளில் பஷீர் பாயிடம் சொன்னாள்.

மறுநாள் காலை பத்து மணிக்குத் தோணிரேவு மீன் ஏலக்கூடத்துக்குப் பக்கத்தில் ஆட்டோவை நிறுத்தினாள். விலை சொல்லவில்லை.

"நேத்து சாயந்தரம் பஸ் நிக்குற எடத்துல நிவேதாவை முரளி அடிச்சான். என் வாய்க்கொழுப்பாலதான் அவ அடி வாங்கனா. அத நான் ஒத்துக்குறேன். ஆனா அங்க இருவது பேர் இருந்தீங்க. பாத்தவங்க யாராச்சும் ஒருத்தர் வந்து போலீஸ்ல சொல்லுங்க. அது வரிக்கும் நான் இங்கருந்து போவ மாட்டேன்."

கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டன. அவள் அதையே திரும்பச் சொன்னாள். மூன்றாம் முறை சொல்லும்போது பின்னாலிருந்து பைக் சத்தம் கேட்டது.

முரளியின் கையில் இரும்புக் குழாய் இருந்தது. முதல் அடியில் முன்கண்ணாடி நொறுங்கி அவள் மடியில் கொட்டியது. இரண்டாவது அடி தோளில் விழுந்தது. கழுத்தைப் பிடித்து அவளை வெளியே இழுத்துத் தரையில் போட்டான். மைக் அவள் கையிலிருந்து நழுவி, ஒயரோடு சீட்டின் ஓரத்தில் தொங்கியது. அதை அணைக்க யாருக்கும் தோன்றவில்லை.

"பேசுடி! இப்ப பேசு!"

அவன் விலாவில் உதைத்தது ஸ்பீக்கரில் 'தொப்' என்று கேட்டது. அவள் முனகியதும் கேட்டது. தோணிரேவின் கடைசி வீடுவரைக்கும் கேட்டது.

"ஆமாண்டி, நான்தான் அடிச்சேன். பஸ் ஸ்டாண்டுல வெச்சு மிதிச்சேன். அத்தினி பேர் பாத்தானுங்க, ஒருத்தன் வாயத் தொறந்தானா? எவன் வருவான் சாட்சிக்கு? இந்த ஊர்ல எவனுக்குடி தைரியம் கீது? அவளையும் கொல்லுவேன், உன்னையும் கொல்லுவேன்."

தெய்வநாயகியின் வாயில் இரத்தம் நிறைந்தது. துப்பிவிட்டு எழப் பார்த்தாள். குழாய் முழங்காலில் இறங்கியது. மூட்டு உடைந்த சத்தமும் ஸ்பீக்கரில் வந்தது.

முதலில் திறந்த கதவு ரங்கம்மாளுடையது. நண்டு விற்கிறவள். நேற்று நிழற்குடையில் நின்ற இருபது பேரில் அவளும் ஒருத்தி. கையில் மீன் அரியும் அருவாமனை. "எனுக்குக் கீதுடா தைரியம்!" என்று கத்திக்கொண்டே ஓடிவந்து அவன் முதுகில் ஒரு கீறு கீறினாள். அவன் திரும்புவதற்குள் எதிர்வீட்டிலிருந்து இன்னொருத்தி உலக்கையோடு வந்தாள். பிறகு பத்துப் பேர், பிறகு முப்பது பேர். குழாயைப் பிடுங்கி அவனையே அடித்தார்கள். கீழே தள்ளி மிதித்தார்கள். சட்டை கிழிந்தது, மூக்கு உடைந்தது, காது மடல் பிய்ந்து தொங்கியது. இத்தனை நாள் வேறு யார் யார்மேலோ இருந்த கோபமெல்லாம் அந்த ஒரு உடம்பின்மேல் விழுந்தது. "ஏரியில இழுத்துப் போடுங்கடி" என்று ஒருத்தி கூவினாள்.

தெய்வநாயகி ஒற்றைக் காலால் ஆட்டோவைப் பிடித்து எழுந்தாள். தராசுக்குப் பக்கத்தில் ஐந்து கிலோ எடைக்கல் இருந்தது. அதைத் தூக்கினாள். கூட்டம் விலகி வழி விட்டது. தன் கண்ணுக்கு முன்னால் கோதண்டம்தான் கிடந்தான் என்பதுபோல் அவள் முகம் இருந்ததாக ரங்கம்மாள் பிறகு சொன்னாள். குழாய் பிடித்த வலது கையின்மேல் முதலில் போட்டாள். விரல்கள் நசுங்கின. அவன் அலறினான். கல்லை மறுபடி எடுத்து இந்த முறை அவன் தலைக்கு நேராக ஓங்கினாள்.

"அக்கா, வேணாம்!"

நிவேதா. ஸ்பீக்கர் சத்தம் கேட்டு, நேற்று இரவு மருத்துவமனையிலிருந்து வந்து படுத்திருந்தவள் தலைக்கட்டோடு சுவரைப் பிடித்துப் பிடித்து வந்திருந்தாள்.

"அவன் மேல பாவம் பாத்து சொல்லல. நீ ஜெயிலுக்குப் போய்ட்டா எனுக்கு யாரு சாட்சி சொல்லுவா? கல்லைக் கீழ வைக்கா."

தெய்வநாயகி கல்லைப் பிடித்தபடியே நின்றாள். பிறகு கை தானாகத் தாழ்ந்தது. கல் மண்ணில் விழுந்தது. அவளும் அதன் பக்கத்திலேயே விழுந்தாள்.

இரண்டு விலா எலும்பும் முழங்கால் சில்லும் உடைந்திருந்தன. ஒன்றரை மாதம் படுக்கையில் கிடந்தாள். முரளி வீட்டார் ஊர்ப் பெரியவர்களை அனுப்பி, இரண்டு பக்கமும் வழக்கை வாபஸ் வாங்கிக்கொள்ளலாம் என்று பேச வைத்தார்கள். "உன் மேலயும் கேஸ் கீதும்மா, அவன் வெரலு போச்சு" என்றார் வந்தவர்.

"இருக்கட்டும். நான் போட்டது நெசம்தான். கோர்ட்டுல கேட்டா போட்டேன்னுதான் சொல்லுவேன். அவனையும் அது மாதிரி சொல்லச் சொல்லுங்க."

வந்தவர் காப்பி குடிக்காமலேயே எழுந்து போனார்.

நிவேதா ஒருநாள் அவளைப் பார்க்க வந்தாள். நெற்றித் தழும்பின்மேல் பொட்டை இறக்கி வைத்திருந்தாள். தெய்வநாயகி, "என்னை மன்னிச்சுருடி" என்றாள்.

"மன்னிக்க இன்னும் வரல அக்கா. ஆனா கோர்ட்டுக்கு ஒண்ணாத்தான் போவப் போறோம். அதுக்குள்ள வருதா பாப்போம்" என்றாள் நிவேதா. பிறகு கொண்டுவந்திருந்த ஆரஞ்சை உரித்து அவளுக்குப் பாதி கொடுத்துத் தானும் பாதி தின்றாள்.

வழக்கு ஒன்றரை வருடம் நடந்தது. பொன்னேரி கோர்ட்டில் பதினொரு பேர் சாட்சி சொன்னார்கள். அதில் ஏழு பேர் நிழற்குடையில் நின்று ஒன்றும் பார்க்காதவர்கள். அவன் வாயாலேயே சொன்னதை ஊர் முழுக்கக் கேட்ட பிறகு, தெரியாது என்று சொல்ல அவர்களுக்கு வாய் வரவில்லை. ரங்கம்மாள் கூண்டில் ஏறியதும், "நான் மொத நாளும் பாத்தேன் சார், சும்மா நின்னேன்" என்று சொல்லி அழுதுவிட்டாள். முரளிக்கு மூன்று வருடம் கிடைத்தது. தெய்வநாயகிக்கு அபராதம் விதித்தார்கள், அன்றே கட்டினாள்.

இப்போது அவள் ஒரு காலைச் சற்று இழுத்து நடக்கிறாள். ஆட்டோவுக்குப் புதுக் கண்ணாடி. பஷீர் பாய் புது ஸ்பீக்கருக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார். மைக்கில் பேசுகிறாள். தீபாவளிக்கு மூன்று மடங்கு விலையில் பட்டுப்புடவை எடுப்பவர்களையும், மனைவி பேரைக் கையில் பச்சை குத்திக்கொண்டு அவள் பிறந்தநாளை மறக்கிறவர்களையும் கிண்டல் செய்கிறாள். ஆனால் தன்னிடம் வந்து யாரும் சொன்ன விஷயம் எதையும், பேர் சொல்லியோ சொல்லாமலோ, வாய் திறந்து பேசுவதில்லை. யாராவது தயங்கித் தயங்கிப் பக்கத்தில் வந்தால், மைக்கை அணைத்து, ஒயரையும் பிடுங்கிச் சீட்டுக்கடியில் போட்டுவிட்டுத்தான் காது கொடுக்கிறாள். கேட்டுவிட்டு, முன்போல உடனே பதில் சொல்வதும் இல்லை. "யோசிச்சு நாளைக்குச் சொல்றேன். இன்னிக்கு ராத்திரி உங்கம்மா வூட்டுல படுத்துக்க" என்கிறாள்.

நிவேதா கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனி அலுவலகத்தில் வேலைக்குப் போகிறாள். காலையில் ரயிலைப் பிடிக்கப் பொன்னேரிவரைக்கும் சில நாள் தெய்வநாயகியோடு லோடு ஆட்டோவில்தான் போவாள். இருவரும் அதிகம் பேசிக்கொள்வதில்லை. மன்னித்துவிட்டாளா என்று தெய்வநாயகி அதன்பின் கேட்டதும் இல்லை. போன வாரம் ஸ்டேஷனில் இறங்கும்போது நிவேதா, "அக்கா, ஆபீஸ்ல ஒரு பையன் பேசுறான். நல்லவனாத்தான் தெரியுறான்" என்றாள்.

"பேசட்டும். ஒரு வருஷம் பேசட்டும்" என்றாள் தெய்வநாயகி.

நிவேதா சிரித்துக்கொண்டே படியேறினாள். தெய்வநாயகி சந்தைப் பக்கம் வண்டியைத் திருப்பினாள்.