வில்லனின் கனைப்பு

அந்தப் படத்தின் பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது. அட்டையில் இருந்ததெல்லாம் சீன எழுத்து. தண்ணீர்ப் பானை மேல் ஒற்றைக் காலில் நிற்கும் ஒருத்தனின் படம், அவ்வளவுதான். சிடி பிளேயர் வாங்கிய புதிதில், செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டு ஓரம் தார்ப்பாய் விரித்து விற்றவன், படம் தமிழில்தான் பேசும் என்று சொன்னதை நம்பி என் வீட்டுக்காரர் வாங்கி வந்தார். திருக்கழுக்குன்றத்தில் எங்கள் வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தால் தமிழும் இல்லை, இங்கிலீஷும் இல்லை. எல்லாம் சீனம்.

எனக்கு வந்த எரிச்சல் கொஞ்சநஞ்சமல்ல. நாள் முழுக்க கல்பாக்கத்துக்கு ஆட்களை ஏற்றி இறக்கி வேன் ஓட்டுகிறவர், ஊரில் எவன் எதைச் சொன்னாலும் நம்பிவிடுவார்.

"நல்லா ஏமாந்துட்டு வந்து சிரிச்சிகினு வேற நிக்கிறீங்க" என்றேன்.

"யாரு ஏமாந்தது? நீ குந்து. இன்னா பேசறாங்கன்னு நான் சொல்றேன்."

டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு, எனக்கும் பிள்ளைகள் இரண்டு பேருக்கும் பின்னால் சுவர் ஓரமாகப் போய் நின்றுகொண்டார். அவர் முகம் எங்களுக்குத் தெரியக்கூடாதாம். தெரிந்தால் சிரிப்பு வராதாம்.

படத்தில் ஒரு டீக்கடைக்காரன். சாதுவான ஆள். ஆனால் தும்மல் வந்துவிட்டால் போதும், கையும் காலும் அவன் பேச்சைக் கேட்காது, சுற்றி நிற்பவர்களையெல்லாம் அடித்து நொறுக்கிவிடும். அடித்து முடித்ததும் அடிபட்டவர்களிடமே மன்னிப்புக் கேட்பான். வில்லனோ நரைத்த மீசை வைத்த பெரிய மனிதர். ஒவ்வொரு சண்டைக்கும் முன்னால் காலணிகளைக் கழற்றி ஓரமாக அழகாக வைத்துவிட்டுத்தான் கையை ஓங்குவார். சண்டை முடிந்து திரும்பினால் காலணி இருக்காது. படம் முழுக்க இதுதான். சீனத்தில் அவர்கள் இதைப் பற்றி என்ன பேசினார்களோ, எங்களுக்கு என் வீட்டுக்காரர் பேசியதுதான் கதை.

"க்ஹும். டேய், டீ சொல்லி எவ்ளோ நேரம் ஆவுது?" என்பார் வில்லன்.

"பாலு இன்னும் வர்ல அண்ணாத்த."

"க்ஹும். வெட்டுங்கடா இவன. சீக்கிரம் வெட்டுங்க, கல்பாக்கம் வண்டி பூடும்."

வாள்களோடு பத்துப் பேர் பாய்வார்கள். டீக்கடைக்காரன் தும்முவான். எல்லோரும் கூரைமேல் கிடப்பார்கள். வில்லன் காலணியைத் தேடுவார்.

"எங்கடா என் செருப்பு? க்ஹும். கழுகு பாக்க வந்தவன் எவனோ தூக்கினு பூட்டான்."

"கழுகே வர்றதில்ல அண்ணாத்த, இப்ப யாரு வர்றாங்க அத்த பாக்க?"

எங்கள் ஊர் மலைக்கோயிலுக்குத் தினமும் பிரசாதம் தின்ன வரும் கழுகு, வராமல் நின்றுபோயிருந்த காலம் அது. படம் பார்க்க வந்திருந்த பக்கத்து வீட்டு அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் சாய்ந்துவிட்டாள். திரையில் ஒருவன் நீளமாக வாயசைத்தால் இவர் "ம்" என்பார். ஒரு சொல்லுக்கு வாயசைத்தால் மூச்சு விடாமல் பேசித் தள்ளுவார். குரு சாகும் கட்டத்தில் சீடன் கதறுவான். "போவாத வாத்தியாரே!" உடனே குருவின் பதில்: "எங்கடா போறேன், கால் மரத்துப் போச்சு, தூக்கி வுடு."

ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் கறிக்குழம்புச் சாப்பாட்டுக்குப் பிறகு எங்கள் வீட்டில் அந்தப் படம்தான் ஓடும். ஒவ்வொரு முறையும் வசனம் மாறும். மாறாதது வில்லனின் கனைப்பு ஒன்றுதான். அது எங்களுக்கு அவ்வளவு பிடித்துப்போனது. என் பெண் பள்ளிக்கூடத்தில்கூடக் கனைத்துக் காட்டி டீச்சரிடம் திட்டு வாங்கினாள். ஒரு பொங்கல் விடுமுறையில் என் பையன் டேப் ரிக்கார்டரில் வெற்று கேசட்டைப் போட்டு அப்பா பேசுவதை முழுக்கப் பதிவு செய்தான். பிளக் பாயிண்ட் எங்கள் பக்கம்தான் இருந்தது. அதனால் டேப்பை எங்கள் நடுவில் பாயிலேயே வைத்தான்.

பிறகு படம் இல்லாத நேரத்திலும் அவர் கனைக்க ஆரம்பித்தார். சோறு போடும்போது கனைப்பார். வேனில் ஏறும்போது கனைப்பார். பிள்ளைகள் "வில்லன் வந்துட்டாரு" என்று சிரிப்பார்கள். அவரும் மீசையை முறுக்குவதுபோல் பாவனை செய்வார். குரல் கம்மத் தொடங்கியபோது, வேனில் கத்திக் கத்திப் பேசுவதுதான் காரணம் என்று பனங்கற்கண்டும் மிளகும் கொடுத்தேன். செங்கல்பட்டில் டாக்டர் தொண்டைக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "இந்தக் கனைப்பு எத்தனை நாளா இருக்கு?" என்று கேட்டார். நான் வாயைத் திறந்தேன். ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக ஞாபகம் வந்தன.

சென்னையில் பெரிய ஆஸ்பத்திரியில் உடைத்தே சொல்லிவிட்டார்கள். குரல்வளையில் புற்று. அதை எடுத்தாக வேண்டும். எடுத்தால் பேச்சு வராது. எடுத்தாலும் உயிருக்கு உறுதி சொல்ல முடியாது. திரும்பி வரும்போது பஸ்ஸில் நான் அழுதுகொண்டே வந்தேன். படூர் தாண்டியதும் அவர் என் தோளைத் தட்டி, காற்றாகிவிட்ட குரலில் சொன்னார்:

"அதான் கேசட்டு கீதே. ஊமையாப் பூட்டா அத்த போட்டுக் கேளு. கோவம் வந்தா நிறுத்திக்கலாம். இப்ப அது முடியுதா உன்னால?"

அழுகையோடு சிரித்தேன். அந்த நாட்களில் எனக்கு இருந்த ஒரே தைரியம் அந்த கேசட்தான். புதிதாக ஒன்று பேசிப் பதிவு செய்யலாம் என்று பையன் கெஞ்சினான். அவரும் சுவர் ஓரமாக நின்று பார்த்தார். வில்லன் வாயசைத்தார், இவர் தொண்டையிலிருந்து காற்றுதான் வந்தது. யாரும் சிரிக்கவில்லை. "இந்தக் கொரலு வாணாம்டா. பழசுதான் நல்லா கீது" என்று டிவியை அணைத்தார். ஆபரேஷன் முடிந்து வந்து எல்லோரும் ஒன்றாகக் கேட்கலாம் என்று முடிவானது. கேசட்டைத் துணியில் சுற்றி, பீரோவில் என் பட்டுப்புடவைக்கு அடியில் வைத்தேன்.

கழுத்தில் ஓட்டையோடு வீடு வந்தார். அந்த ஓட்டையின் மேல் மெல்லிய வெள்ளைத் துணி ஒன்றைக் கட்டியிருந்தோம். மூச்சு விட்டால் துணி அசையும். உடம்பு கொஞ்சம் தேறியதும், ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரே பீரோவைக் காட்டினார். பக்கத்து வீட்டு அக்காவையும் கூப்பிடச் சொல்லிச் சைகை செய்தார். எல்லோரும் பாயில் உட்கார்ந்தோம். அவரும் இந்த முறை எங்களோடு பாயில் உட்கார்ந்தார்.

பையன் டேப்பைப் போட்டான்.

குக்கர் விசில் கேட்டது. என் பெண்ணின் கெக்கலிப்பு கேட்டது. "ஐயோ போதும்பா, வவுறு வலிக்குது" என்று பக்கத்து வீட்டு அக்கா கத்துவது கேட்டது. எல்லாவற்றுக்கும் மேலே என் சிரிப்பு. தெரு முழுக்கக் கேட்டிருக்கும் போல ஒரு சிரிப்பு. அதற்கெல்லாம் பின்னால், வெகு தூரத்தில், அவர் குரல் ஒரு முணுமுணுப்பாக ஓடியது. ஒரு சொல்கூடப் புரியவில்லை. பையன் சத்தத்தைக் கூட்டினான். எங்கள் சிரிப்புதான் கூடியது.

இந்தப் பக்கம் முடிந்ததும் மறுபக்கம் போட்டான். அதுவும் அப்படியே. ஒரே ஓர் இடத்தில் நாங்கள் எல்லோரும் சிரித்துக் களைத்து மூச்சு வாங்க நிறுத்தியிருக்கிறோம். அந்த அமைதியில் அவர் குரல் சுத்தமாக, பக்கத்தில் நின்று பேசுவதுபோல் கேட்டது.

"க்ஹும்."

உடனே மறுபடியும் எங்கள் சிரிப்பு.

யாரும் யாரையும் பார்க்கவில்லை. அக்கா எழுந்து போய்விட்டாள். அவர் கையை நீட்டி, கேசட்டைக் கொஞ்சம் பின்னால் ஓட்டி, அந்த இடத்தை மறுபடி போட்டார். "க்ஹும்." நிறுத்தினார். என்னைப் பார்த்துத் தன் நெஞ்சில் விரலை வைத்துக் காட்டினார். "நான்" என்று உதடு அசைந்தது. கழுத்துத் துணி மட்டும் வேகமாக அசைந்துகொண்டிருந்தது.

அடுத்த ஆண்டு அவர் இறந்துபோனார். பையன் இப்போது வேலைக்குப் போகிறான். அந்த முணுமுணுப்பைக் கம்ப்யூட்டரில் போட்டுப் பிரித்தெடுக்க முடியுமா என்று எங்கெங்கோ கொண்டுபோய்க் கேட்டான். முடியாது என்று சொல்லிவிட்டார்கள். கேசட் பீரோவில்தான் இருக்கிறது. நான் அதைப் போடுவதில்லை. போட்டால், அவரைக் கேட்க விடாமல் நான்தான் சிரித்துக்கொண்டிருக்கிறேன்.