சாவடிச் சிந்தலூரியும் மண்டபத்துச் சிந்தலூரியும்

இந்தப் பயணத்துக்குக் காரணம் ஒரு போன். போன தை மாதக் கடைசியில் என் மகள் பிருந்தா, தன் ஆபீஸில் வேலை பார்க்கும் வெங்கடேசைக் கட்டிக்கொள்ள விரும்புவதாகச் சொன்னாள். பையன் வீடு ஸ்ரீவில்லிபுத்தூர். எங்கள் பூர்வீகம் ராஜபாளையம். நடுவில் பன்னிரண்டு கிலோமீட்டர். இரண்டு வீட்டிலும் பேசுவது தெலுங்கு. சல்லடை போட்டுத் தேடினாலும் இப்படி ஒரு இடம் அமையாது என்று நான் பூரித்துப் போனேன். அன்று சாயங்காலமே பையனின் அம்மா போன் செய்தார்.

"உங்க வீட்டுப் பேரு என்னங்க?"

"சிந்தலூரி."

டவர் போய்விட்டதோ என்று நான் போனைக் கையில் தட்டிப் பார்த்தேன். பிறகு மெல்ல வந்தது பதில்: "நாங்களும் சிந்தலூரிதாங்க."

வெளியூர் வாசகர்களுக்கு ஒரு விளக்கம். எங்களைப் போலத் தெலுங்கு பேசும் குடும்பங்களுக்கு வீட்டுப் பெயர் என்று ஒன்று உண்டு. முன்னோர் எந்த ஊரிலிருந்து கிளம்பி வந்தார்களோ பெரும்பாலும் அந்த ஊரின் பெயர். சிந்தலூரி என்றால் புளியமரத்து ஊர்க்காரர்கள். பிள்ளைகளுக்கு அப்பா வழியில் வரும். பெண்ணுக்குக் கல்யாணமானால் புருஷன் வீட்டுப் பெயர் வந்துவிடும். எனக்கும் தாலியோடு வந்ததுதான் இந்தச் சிந்தலூரி. இரண்டு வீட்டுக்கும் ஒரே பெயர் என்றால் அவர்கள் பங்காளிகள். பிள்ளைகள் அண்ணன் தங்கை முறை. அதோடு கல்யாணப் பேச்சு முடிந்தது. ஆபீஸில் யார் வீட்டுப் பெயரைக் கேட்கிறார்கள்? அப்பா பெயரில் ஓர் இனிஷியல், அவ்வளவுதான். இரண்டு வருடம் பழகியும் பிள்ளைகளுக்குத் தெரியவில்லை.

குலதெய்வத்தை வைத்துப் பிரித்துப் பார்க்கலாமென்றால் இரண்டு வீட்டுக்கும் திருப்பதிதான். திருப்பதி பாதி நாட்டுக்குக் குலதெய்வம். என் வீட்டுக்காரர் ராஜபாளையத்தில் இருக்கும் தன் அண்ணனைக் கேட்டார். அண்ணன் "கூடாது" என்றார். இவர் போனை வைத்துவிட்டு டி.வி.யைப் போட்டுக்கொண்டார். பிருந்தா அழவில்லை. "பெரியப்பா சரின்னு சொன்னா இந்தக் கல்யாணம். இல்லேன்னா எனக்குக் கல்யாணமே வேண்டாம். அடுத்த போட்டோ எதையும் யாரும் காட்டாதீங்க" என்றாள். அவள் பிடிவாதம் எனக்குத் தெரியும், என்னிடமிருந்து போனதுதானே.

மாசி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை சென்னையில் ரயில் ஏறினேன். ஸ்லீப்பரில் நானூறு ரூபாய்க்குள் ஆனது. காலை ஆறு மணி வாக்கில் ராஜபாளையம். ஜன்னல் பக்கம் இடம் கிடைத்தால் தூங்கிவிடாதீர்கள், விடிகிற நேரத்தில் மலை கூடவே வரும். ஸ்டேஷனிலிருந்து அண்ணன் வீட்டுக்கு ஆட்டோ அறுபது ரூபாய்.

கணவரின் அண்ணனை நாங்கள் 'பாவகாரு' என்போம். பஞ்சு மில்லில் மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றவர், வயது எழுபத்திரண்டு, பிள்ளை இல்லை. எங்கள் பிருந்தாதான் அவருக்கும் பிள்ளை. அவளுக்கு முதல் சைக்கிள் வாங்கிக் கொடுத்தவர் அவர். அதனால்தான் அவர் சொல்லை அவள் தாண்டமாட்டாள். காபி கொடுத்துவிட்டு நேராக விஷயத்துக்கு வந்தார். (நாங்கள் பேசுவது பாதித் தெலுங்கு, பாதித் தமிழ். இங்கே முழுக்கத் தமிழில் தருகிறேன்.)

"இந்தாம்மா ஜானகி, பேரு ஒண்ணுன்னா ரத்தம் ஒண்ணு. இதுல பேசுறதுக்கு என்ன இருக்கு?"

"நான் பேச வரல பாவகாரு. சிந்தலூரிங்கிற பேரு எங்கெங்க இருக்கோ அம்புட்டையும் பாத்து பிளாக்குல எழுதலாம்னு வந்தேன். நீங்கதான் காட்டணும்."

தந்திரம்தான், ஒத்துக்கொள்கிறேன். வீட்டுப் பெயர் என்றால் அவருக்கு உயிர். உடனே வெள்ளை வேட்டி மாற்றிக்கொண்டு, செருப்பைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்.

முதலில் சிந்தலூரி சாவடி. வீட்டிலிருந்து நடக்கிற தூரம். சாவடி என்றால் தெருவுக்குப் பொதுவான கூடம். கல்யாணம், பஞ்சாயத்து, திருவிழாவில் சாமி இறங்கி நிற்பது எல்லாம் அங்கேதான். தேக்குத் தூண்களை நான் கட்டிப்பிடித்துப் பார்த்தேன், கை சேரவில்லை. தரையில் உட்கார்ந்தால் சித்திரை வெயிலிலும் குளிர்ச்சியாக இருக்குமாம். நான் மணமகளாக வந்து உட்கார்ந்த இடமும் இதுதான். அன்று தலை குனிந்திருந்ததால் தூணைப் பார்க்கவில்லை, இப்போதுதான் ஆசை தீரப் பார்த்தேன். இப்படி ஒரு கட்டடத்தில் நம் பெயர் இருந்தால் யாருக்குத்தான் நெஞ்சு நிமிராது?

பாவகாருவும் நிமிர்ந்துதான் நின்றார். பங்காளி என்றால் என்ன என்று அங்கேயே எனக்குப் பாடமும் எடுத்தார். விரல் விட்டு எண்ணினார்.

"பங்காளி வீட்டுல ஒரு கேதம்னா நமக்கும் தீட்டு. தலை முடி எடுக்கணும். அந்த வருசம் பண்டிகை கெடையாது. செத்தவருக்கு நாம கோடித்துணி போடக் கூடாது, அது சம்பந்தக்காரங்க, மாமன் மச்சான் முறைக்காரங்க போடுறது. பொண்ணு குடுக்கக் கூடாது, எடுக்கக் கூடாது. இது நேத்து வந்த வழக்கமா?"

நான் தலையாட்டினேன். அப்போது வேறென்ன செய்ய.

அடுத்து சோழபுரம், சிந்தலூரி கிணறு. போக, வர, காத்திருக்க ஆட்டோவுக்கு நானூறு ரூபாய் பேசினோம். கிணற்றின் பெயரைச் சொன்னதுமே டிரைவர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். "அங்கதாம்மா நான் நீச்சல் பழகுனேன். எங்கப்பா இடுப்புல கயிறு கட்டித் தள்ளிவிட்டாரு." அகலமான கல் கிணறு. சுவரில் நீட்டிக்கொண்டிருக்கும் கற்களே படி. பக்கத்துத் தென்னந்தோப்புக்கு இப்போதும் இதிலிருந்துதான் மோட்டார் ஓடுகிறது. நிலம் கைமாறி எத்தனையோ காலமாகிவிட்டது. பெயர் மாறவில்லை. தண்ணீரை ஒரு கை அள்ளிக் குடித்தேன், நல்ல ருசி.

ராஜபாளையத்தில் சாப்பிட்டுவிட்டு ஸ்ரீவில்லிபுத்தூருக்கு டவுன் பஸ். பெண்களுக்கு இலவசம், பாவகாருவுக்கு மட்டும் பன்னிரண்டு ரூபாய் டிக்கெட். "இந்தப் பேரைக் காப்பாத்துறவனுக்கு டிக்கெட், எழுத வந்தவளுக்கு ஓசியா" என்று வழியெல்லாம் முனகிக்கொண்டே வந்தார். கோபுரம் கண்ணில் பட்டதும் முனகலை நிறுத்திக் கும்பிட்டார்.

கோயில் மதியம் நடை சாத்திவிடுவார்கள், நான்கு மணிக்கு மேல்தான் திறப்பு. அதனால் நேரே சிந்தலூரி மண்டபத்துக்குப் போனோம். தேரோடும் வீதியிலிருந்து பிரியும் சந்தில் இருக்கிறது. பதினாறு கால், தாழ்ந்த கூரை, முன்பக்கம் கல்லில் குடைந்த பெரிய தொட்டி. "நம்ம முன்னோர் கட்டுனது" என்று பாவகாரு சொல்லும்போது அவர் குரலே மாறிவிட்டது. தூணைத் தடவிக் கொடுத்தார். மண்டபத்துக்கு எதிரே ஒரு பாத்திரக் கடை. பலகையைப் படித்ததும் எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. 'சிந்தலூரி பாய் பாத்திரக் கடை.'

கடைக்காரர் எங்களை உட்கார வைத்தார். "எங்க தாத்தா இந்த மண்டபத்து ஓரமாத்தான் சாக்கு விரிச்சு யாவாரம் ஆரம்பிச்சாரு. சிந்தலூரி மண்டபத்து பாய்னாங்க, பொறவு சிந்தலூரி பாய்னாங்க. எம் மகன் துபாய்ல இருக்கான், அவன் கூட்டாளிகளும் அவனச் சிந்தலூரின்னுதான் கூப்பிடுதாங்களாம்."

"பாவகாரு, பேரு ஒண்ணுன்னா ரத்தம் ஒண்ணுன்னீங்களே. இந்த பாயும் நமக்குப் பங்காளியா?"

பாய் விட்டாரா? "பங்காளின்னா சந்தோசம் அண்ணாச்சி. மண்டபத்துல என் பங்கைப் பிரிச்சுக் குடுத்துருங்க, கடையப் பெருசாக்கிக்கிறேன்."

பாவகாருவுக்கும் சிரிப்பு வந்தது. ஆனாலும் விடவில்லை. "கடைக்குப் பேரு வாரது வேற, வீட்டுக்குப் பேரு வாரது வேற" என்றார். அதற்குப் பிறகு பாய் சாதாரணமாகச் சொன்ன ஒரு வார்த்தைதான் அவரை உறுத்திவிட்டது. "இது இந்த ஊரு சிந்தலூரிக்காரங்க கட்டுனது அண்ணாச்சி. ஆடிப்பூரத்துக்கு நடந்து வாரவுகளுக்குத் தண்ணி ஊத்துறதுக்கு. இப்பவும் வருசா வருசம் அவிய வீட்டு ஆளுங்கதான் தொட்டிய நிறைக்காங்க."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. ரத்தம் வேறு என்று ஒத்துக்கொண்டால் இந்த மண்டபம் பாவகாருவுக்கு இல்லாமல் போய்விடும். தெருத் தெருவாக அவர் சொல்லிப் பெருமைப்பட்ட மண்டபம் அடுத்தவர் வீட்டுச் சொத்தாகிவிடும். மனிதர் எப்படி லேசில் விடுவார்? எனக்கே பாவமாக இருந்தது.

"அந்த வீட்டு ஆளுங்கள ஒரு எட்டு பாத்துட்டுப் போவமா?" என்று கேட்டேன். அது வெங்கடேசின் வீடுதான் என்பதை மறைக்கவில்லை. "கல்யாணம் பேச வேண்டாம். மண்டபத்தப் பத்திக் கேப்போம்." வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, "மண்டபத்துக்காக வாரேன்" என்றார்.

நான்கு வீடு தள்ளித்தான். வெங்கடேசின் அப்பாவும் அம்மாவும் பதறிப்போய் வரவேற்றார்கள். மோர் வந்தது. கல்யாணம் என்ற சொல்லை யாரும் எடுக்கவில்லை. வெயிலையும் பால்கோவா விலையையும் பேசிக்கொண்டிருந்தோம். பாவகாரு மட்டும் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே மாலை போட்ட ஒரு படம்.

"இது ஸ்ரீவி மாமால்ல?"

படத்தில் இருந்தவர் வெங்கடேசின் தாத்தா. பாவகாருவின் மில்லிலேயே வேறு டிபார்ட்மெண்டில் வேலை பார்த்தவராம். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ்ஸில் வந்து போனதால் மில் முழுக்க அவருக்கு ஸ்ரீவி மாமா என்றே பெயர். வீட்டுப் பெயரை யாரும் கேட்டதில்லை. "சாப்பாட்டு நேரத்துல எனக்குன்னு ஒரு பங்கு ஊறுகா எடுத்துட்டு வருவாரு" என்ற பாவகாருவுக்குக் கண் கலங்கிவிட்டது. "கேதத்துக்குக்கூட வந்தேனே. அப்ப வீடு வேற தெருவுல இருந்துச்சு."

வெங்கடேசின் அப்பா அவர் முகத்தையே உற்றுப் பார்த்தார். "ஐயா, நீங்கதான அன்னைக்கு எங்க அப்பாவுக்குக் கோடி போட்டது?"

"ஆமா. மாமான்னு கூப்பிட்ட மனுசன். போடாம இருக்க முடியுமா?"

"எங்க பங்காளி வீட்டுப் பெரியவுக எல்லாரும் அங்கதான் நின்னாக. கோடி யாரு வீட்டுதுன்னு கேட்டாக. ராஜபாளையம், சாவடிச் சிந்தலூரின்னு நீங்கதான் சத்தமாச் சொன்னீங்க. அவுக தனியாக் கூடிப் பேசினாக. 'அவிய சாவடிக்காரங்க, நாம மண்டபத்துக்காரங்க. ஒரே ஊருல இருந்து வந்தவங்க, ஆனா பங்காளி இல்ல. கோடிய வாங்கலாம்'னு சொல்லித்தான் வாங்குனாக. நான் அப்பா தலமாட்டுல நின்னு கேட்டேன். பொண்ணு வீட்டுக்காரங்களும் அதே சாவடிக்காரங்கதான்னு இப்பதான் தெரியுது."

நான் வாயைத் திறக்கவே இல்லை, என்னைப் பெற்றவர்கள் பார்த்திருந்தால் நம்பமாட்டார்கள். காலையில் சாவடியில் விரல் விட்டு எண்ணியவர் அவர்தானே. பங்காளி கோடி போடக் கூடாது. போட்டது இவர் கை. வாங்கியது அந்த வீட்டுப் பங்காளிகளின் கை. தலையும் எடுக்கவில்லை, தீட்டும் காக்கவில்லை. அந்த வருடப் பொங்கலுக்கு நாங்கள் எல்லாரும் ராஜபாளையத்தில்தான் இருந்தோம், பானை பொங்கும்போது ஊரே கேட்கும்படி கூவியவரும் இவர்தான். அவர் மனதிலும் அதெல்லாம் ஒவ்வொன்றாக ஓடியிருக்க வேண்டும். மோரை ஒரே மூச்சில் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார்.

"கோடி குடுத்தவன் பொண்ணு குடுக்க மாட்டானா?" என்றார்.

வெங்கடேசின் அம்மா எழுந்து போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கை நிறையப் பால்கோவாவோடு வந்தார். நான் பிருந்தாவுக்குப் போன் போட்டு பாவகாருவிடம் கொடுத்தேன். "ஏட்டி, பெரியப்பா பேசுதேன். சரின்னுட்டேன்" என்றார். அந்தப் பக்கம் இவ்வளவு நாள் அழாதவள் இப்போது அழுதாள். பெரியப்பாவும் சேர்ந்துகொண்டார்.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். இரண்டு ஊரையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம். காலையில் ராஜபாளையம், சாயங்காலம் ஸ்ரீவில்லிபுத்தூர் என்று வைத்துக்கொண்டால் கோயில் நடை திறந்திருக்கும். சாவடிக்குள் செருப்போடு போகாதீர்கள். கிணற்றில் இறங்க வேண்டாம், கல் வழுக்கும். பால்கோவா கால் கிலோ நூறு ரூபாய்க்குக் கிடைத்தது. சூடாக இருக்கும் கடையில் வாங்குங்கள், இரண்டு மூன்று நாளில் தீர்த்துவிடுங்கள். உங்கள் வீட்டுப் பெயரில் எங்காவது ஒரு கட்டடமோ கிணறோ இருந்தால் ஒரு முறையாவது போய்ப் பாருங்கள். அதே பெயரோடு அங்கே வேறு யாராவது இருந்தால் முறைத்துக்கொள்ளாமல் உட்கார்ந்து பேசுங்கள். எனக்கு ஒரு பாத்திரக் கடையும் ஒரு சம்பந்தி வீடும் கிடைத்தன.

திரும்பும்போது பஸ்ஸில் பாவகாரு கோபுரத்தையே திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு வந்தார். மண்டபம் போன வருத்தமோ என்று பயந்தேன். கோபுரம் மறைந்ததும் மெல்லச் சொன்னார்: "ஜானகி, எனக்குப் புள்ள இல்ல. தம்பிக்கு இவ ஒருத்தி. இவ கல்யாணமாகி வேற பேருக்குப் போயிட்டா நம்ம வீட்டோட இந்தப் பேரு முடிஞ்சுருமேன்னு எம்புட்டு நாள் தூங்காம இருந்திருக்கேன் தெரியுமா?"

கல்யாணப் பந்தல் போட்ட வாசல்போல் அவர் முகம் மலர்ந்திருந்தது. கண்டக்டர் பக்கத்தில் வந்து நின்றார். பாவகாரு டிக்கெட்டுக்குக் காசை நீட்டிக்கொண்டே, அவர் கேட்காமலே அவரிடம் சொன்னார்:

"எங்க வீட்டுப் பொண்ணுக்குக் கல்யாணம் தம்பி. சிந்தலூரியாப் பொறந்தா, சிந்தலூரியாவே போறா."