டம்ளர்களின் மேல் ஒரு லேப்டாப்

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்கு அருகே நான் தங்கியிருந்த லாட்ஜில், பக்கத்து அறைக்காரர் ஓர் உருக்காலையில் கிரேன் ஓட்டுபவர். ஒல்லியான மனிதர். நெற்றியில் ஹெல்மெட் பட்டை அழுத்திய கோடு அழியாமல் இருக்கும். காலை ஷிஃப்ட் முடிந்து வந்ததும் எவர்சில்வர் டம்ளர்களைக் கவிழ்த்து, அவற்றின் மேல் தன் பழைய லேப்டாப்பை வைப்பார். அடியில் காற்று போனால் சூடு குறையும் என்பது அவர் கணக்கு. அப்படியும் அது கொதிக்கும்.

வீடியோ காலில், திரையில் ஒரு மின்விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருக்கும். மஸ்கட்டில் நர்ஸாக இருக்கும் அவர் மனைவியின் அறை அது. இரவு வேலை பார்த்துவிட்டு வரும் அந்த அம்மாள், பகலில் இவர் கூப்பிட்டதும் எடுத்து, போனை மல்லாக்க வைத்துவிட்டுத் தூங்கிவிடுவார். இவர் தன் பக்கத்து மைக்கை அணைத்துவிட்டு, அந்த விசிறியைப் பார்த்தபடி சாப்பிடுவார்.

“வீடியோவை நிறுத்தினாலே சூடு குறையுமே” என்றேன் ஒருநாள்.

“நிறுத்திட்டு இந்த செவுத்தாண்ட இன்னா சார் பேசறது?”

“இப்ப மட்டும் பேசறீங்களா?”

“அவ தூங்கிக்கினு கீறா, நான் துன்னுக்கினு கீறேன். ஒரே ஊட்ல இருந்தாலும் இப்டித்தான சார் இருப்போம்?” என்று சிரித்தார்.

ஒரு சித்திரை மதியம் லேப்டாப் சூடு தாங்காமல் தானாகவே அணைந்துபோனது. திரும்பக் கூப்பிடச் சொல்லி என் போனை நீட்டினேன்.

“வேணாம் சார். மணி அடிச்சா முழிச்சிக்குவா. நைட்டு டூட்டி கீது அவளுக்கு.”

கறுத்த திரைக்கு முன்னால் சோற்றில் கை வைத்தபடியே உட்கார்ந்திருந்தார். நான் என் அறைக்கு வந்து கதவைச் சத்தமில்லாமல் சாத்தினேன். கடல் தாண்டித் தூங்கும் ஒரு பெண்ணுக்காக நான் ஏன் அப்படிச் செய்தேன் என்று இன்னும் தெரியவில்லை.