விட்டுப்போன சனிக்கிழமை

எங்கள் குடும்பத்தில் நான் பாதி டாக்டர். படித்தது பி.எஸ்ஸி. தாவரவியல்தான். ஆனால் தாணேயில் ஒரு கம்பெனியில் மெடிக்கல் கோடிங் வேலை பார்க்கிறேன் என்பதால், தாராவியில் இருக்கும் சொந்தக்காரர்களில் யாருக்குத் தும்மல் வந்தாலும் ரிப்போர்ட்டைப் போட்டோ பிடித்து எனக்கு அனுப்பிவிடுவார்கள். நானும் வேண்டாமென்று சொன்னதில்லை. அப்படிக் கேட்கப்படுவதில் உள்ளுக்குள் ஒரு பெருமை இருக்கத்தான் செய்தது.

வேலை இதுதான். அமெரிக்காவில் ஏதோ ஓர் ஆஸ்பத்திரியில் ஒருவர் படுத்து, எழுந்து, வீட்டுக்குப் போவார். டாக்டர் எழுதிய குறிப்புகள், அதாவது அவருடைய சார்ட், இங்கே என் திரைக்கு வரும். அதைப் படித்து ஒவ்வொரு நோய்க்கும் உரிய கோடை நான் போட வேண்டும். அதை வைத்துத்தான் அங்கே இன்ஷூரன்ஸுக்கு பில் போகும். நான் இருப்பது கிட்னி டீம். கிட்னி அடியோடு செயலிழந்தவருக்கு ஒரு கோடு, அவர் டயாலிசிஸில் இருக்கிறார் என்பதற்கு இன்னொன்று, டயாலிசிஸுக்கு வராமல் விட்டுவிட்டால் அதற்கும் தனியாக ஒன்று. அந்தக் கடைசிக் கோடு இரண்டாகப் பிரியும்: பணமில்லாமல் வரவில்லையா, வேறு காரணமா? டாக்டர் எழுதாததை நாமாக ஊகிக்கக் கூடாது என்பது எங்கள் தொழிலில் முதல் பாடம். முக்கால்வாசி டாக்டர்கள் காரணம் எழுதுவதில்லை. நாங்களும் ‘வேறு காரணம்’ என்று போட்டுவிட்டு அடுத்த சார்ட்டுக்குப் போய்விடுவோம்.

அந்த முதல் இரண்டு கோடும் என் அண்ணனுக்கும் பொருந்தும். தாராவியில் பை தைக்கும் கார்கானாவில் கட்டிங் மாஸ்டர். பிரஷருக்கு மாத்திரை போடு என்றால், “எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன்” என்று நெஞ்சில் தட்டிக் காட்டியவன். இப்போது செவ்வாய், வியாழன், சனி என்று வாரத்தில் மூன்று காலைகள் மாட்டுங்காவில் ஒரு டிரஸ்ட் நடத்தும் சென்டரில் படுத்துக் கிடக்கிறான். ஊசி போடுவதற்காக இடது கையில் ரத்தக்குழாய்களை இணைத்துத் தைத்திருக்கிறார்கள். அந்த இடத்தில் விரல் வைத்தால் தோலுக்கடியில் விர்ரென்று ஓடுவது தெரியும். என் மகளுக்கு அது ரொம்பப் பிடிக்கும். எங்க மாமா கைக்குள்ளே மோட்டார் இருக்கிறது என்று எல்.கே.ஜி. முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள்.

அவளுக்குத்தான் காதுகுத்து வந்தது. நாள் பார்த்தது அம்பர்நாத்தில் இருக்கும் என் மாமியார் வீட்டார். சனிக்கிழமை நல்ல முகூர்த்தம், ஞாயிறு அஷ்டமி, அதை விட்டால் ஆடி வந்துவிடும். சனிக்கிழமை அண்ணனுக்கு டயாலிசிஸ். வேறு நாளுக்கு மாற்றித் தர முடியுமா என்று முதலில் கேட்டபோதே, மெஷின் எதுவும் காலியில்லை என்று சென்டரில் சொல்லிவிட்டார்கள். மதினிக்கு, அதாவது அண்ணன் மனைவிக்கு, சனிக்கிழமை வைப்பதில் துளியும் இஷ்டமில்லை. ஆவணியில் வைத்துக்கொண்டால் குடியா முழுகிவிடும் என்று கேட்டாள். நியாயமான கேள்வி. ஆனால் செம்பூரில் மண்டபம் பேசியாகிவிட்டது, பட்டுச் சேலை எடுத்தாகிவிட்டது, ஆபீஸில் எல்லோரையும் கூப்பிட்டாகிவிட்டது.

தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தானே காது குத்த வேண்டும்? என் மாமியார் சாதாரணமாகத்தான் சொன்னார்கள்: “அவருக்கு முடியலேன்னா ஒன் பெரியம்மா பையனை உக்கார வச்சிக்கிடலாமே.” எனக்குச் சுருக்கென்றது. கூடப் பிறந்தவன் இருக்கும்போது என் பிள்ளை இன்னொருவன் மடியில் உட்காருவதா? முடியவே முடியாது என்றேன். அண்ணன் மேல் வைத்த பாசம் என்றுதான் அப்போது அதற்குப் பெயர் வைத்திருந்தேன். இப்போது யோசித்தால், என் பிடிவாதம்தான் அதில் அதிகம்.

காதுகுத்து நடந்த வாரத்தில் ஒரு நாள், ஆபீஸ் விட்டு தாணே ஸ்டேஷனில் நிற்கிறேன், அண்ணன் போன் செய்தான்.

“ஏட்டி, ஒரு தடவ விட்டா என்ன ஆவும்? நீதான் டெய்லி பாக்கியே, சொல்லு.”

“ஒரு தடவதானேண்ணே? ஒண்ணும் ஆவாது. தண்ணிய மட்டும் கொறச்சிக்கோ. செவ்வாய்க்கெழம போயிட்டாச் சரியாப் போவும்.”

“பக்கா?”

“பக்கா.”

ரயில் வந்துவிட்டது, ஏறிவிட்டேன்.

நான் பொய் சொல்லவில்லை. அதுதான் இன்னும் மோசம். டயாலிசிஸை விட்டவர்களின் சார்ட்டுகளை எத்தனையோ பார்த்திருக்கிறேன். மூச்சிரைத்து வந்தார், டயாலிசிஸ் செய்தோம், தேறினார், வீட்டுக்கு அனுப்பினோம் என்று எல்லாம் ஒரே மாதிரிதான் முடியும். அப்படிப் படித்துப் படித்து, ஒரு தடவை விட்டால் என்ன என்று எனக்குப் பழகிப்போயிருந்தது. ஆஸ்பத்திரிக்கு வந்து சேராதவர்களுக்குச் சார்ட்டே கிடையாது என்பது என் மூளைக்கு எட்டவில்லை. வந்து பிழைத்தவர்களை மட்டும் பார்த்துவிட்டு அண்ணனுக்குத் தைரியம் சொல்லியிருக்கிறேன்.

காதுகுத்து அமர்க்களமாக நடந்தது. மகள் அண்ணன் மடியில் உட்கார்ந்து, அவன் கையில் மோட்டார் ஓடும் இடத்தை இறுகப் பிடித்துக்கொண்டாள். முதல் காது குத்தும்போது அழவில்லை. இரண்டாவதுக்கு மண்டபமே அதிரக் கத்தினாள். அண்ணனுக்கும் கண் கலங்கிவிட்டது. மதினி என் பக்கத்தில் வந்து, “ஒங்கண்ணன் கேட்டுட்டாவளாம். ஒரு தடவ பரவால்லன்னு சென்டர்ல சொல்லிட்டாவளாம்” என்றாள். என்னைக் கேட்டதோடு நிற்காமல் அங்கேயும் விசாரித்திருக்கிறானே என்று எனக்கு நிம்மதியாக இருந்தது. பந்தியில் யாரோ அவன் கையில் இளநீரைக் கொடுத்தார்கள். அதில் பொட்டாசியம் அதிகம், அவனுக்கு ஆகாது என்று எனக்குத் தெரியும். ஓடிப்போய் வாங்கி வைத்திருக்கலாம். போட்டோகிராபர் என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார், போய்விட்டேன்.

மறுநாள் மத்தியானம் மதினி போன் செய்தாள். படுத்தால் மூச்சு முட்டுகிறதாம், உட்கார்ந்தே இருக்கிறானாம். ஞாயிறு என்பதால் சென்டர் பூட்டிக் கிடந்தது. டாக்சி பிடித்து முனிசிபல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நான் செம்பூரில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து போய்ச் சேர்ந்தபோது அவன் முகத்தில் ஆக்சிஜன் மாஸ்க் இருந்தது. உதடு ஒரு மாதிரி நீலமாக இருந்தது. நெஞ்சில் ஒட்டிய ஒயர்களைப் பார்த்தபடி இரண்டு டாக்டர்கள் அவசரமாக ஏதோ பேசிக்கொண்டார்கள். பொட்டாசியம் என்ற வார்த்தை காதில் விழுந்ததும் எனக்கு அந்த இளநீர் ஞாபகம் வந்தது. அந்த வார்த்தைக்கு அப்புறம், இதயம் நின்றுபோவது வரை, என்னென்ன வரலாம் என்பதும் தெரியுமே.

சின்ன வயசு டாக்டர், ஏன் விட்டாய் என்று அவனைப் பார்த்து இந்தியில் கத்தினார்: “டயாலிசிஸ் க்யோன் மிஸ் கியா?”

அண்ணன் மாஸ்க்கைத் தூக்கிக்கொண்டு, “மேரி கல்தி ஹை, சாப்” என்றான். என் தப்புதான் என்று. நான் கட்டில் ஓரத்தில் நிற்கிறேன். டாக்டர் கேஸ் பேப்பரில் ‘சொன்னபடி டயாலிசிஸுக்கு வரவில்லை’ என்று ஆங்கிலத்தில் எழுதினார். காரணம் எழுதவில்லை. அந்த நிலையிலும் என் பாழாய்ப்போன புத்தி ‘வேறு காரணம்’ என்று கோடு போட்டுப் பார்த்தது.

உடனே மெஷினில் போட்டார்கள், பிழைத்துக்கொண்டான். வெளியே பெஞ்சில் மதினி அழுதுகொண்டிருந்தாள். சென்டர் ஆளுக்கு அவள் போன் செய்திருக்கிறாள். ஒரு தடவை விடலாமா என்று உங்கள் வீட்டுக்காரர் எங்களைக் கேட்கவே இல்லையே என்று அந்த ஆள் சொல்லியிருக்கிறார்.

“கேட்டேன் கேட்டேன்னு பொய் சொல்லியிருக்காவ. யார்ட்ட கேட்டாவளாம்?”

அவன் கேட்டது என்னிடம். என் பெயரைச் சொன்னால் மதினி என்னோடு சண்டைக்கு வருவாள் என்று சென்டர் பெயரைச் சொல்லியிருக்கிறான். அந்த இடத்திலேயே நான் சொல்லியிருக்க வேண்டும். மதினியின் முதுகைத் தடவிக் கொடுத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன்.

திரும்ப வேலைக்குப் போன அன்றே அப்படி ஒரு சார்ட் வந்து தொலைத்தது. யாரோ ஒரு மனிதர் டயாலிசிஸை விட்டுவிட்டு மூச்சிரைத்து வந்திருக்கிறார். ஏன் விட்டார் என்று எழுதவில்லை. எனக்குத் தாங்கவில்லை. காரணம் தெரிய வேண்டும் என்று டாக்டருக்குக் கேள்வி எழுதி அனுப்பப் போனேன். டீம் லீடர் வந்து பார்த்துவிட்டு, “இதுக்கெல்லாம் எதுக்குக் கேள்வி? டைம் வேஸ்ட். அதர் ரீசன் போட்டுட்டுப் போயேன்” என்றார். போட்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அண்ணனைப் பார்க்கத் தாராவிக்குப் போனேன். சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான், முகத்தில் வீக்கம் வடிந்திருந்தது. மதினி என்னைக் கண்டதும் பிடித்துக்கொண்டாள்.

“நான் சொன்னா ஏறாது. நீ படிச்சவ, நீ சொன்னாத்தான் ஒங்கண்ணன் கேப்பாவ. நல்லா நாலு வார்த்த கேளு.”

அண்ணன் என்னைப் பார்த்தான். சொல்லிவிடப் போகிறேன் என்றுதான் நினைத்தேன். வாயைத் திறந்தால் வந்தது வேறு. “என்னண்ணே நீ, சின்னப்புள்ளையா? ஒரு தடவ விட்டாலும் உசுருக்கு ஆபத்துன்னு தெரியாதா? யாரைக் கேட்டு விட்ட?” என் குரலில் நடுக்கம்கூட இல்லை. ஆபீஸில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்குப் பாடம் எடுப்பேனே, அந்தக் குரல். அவன் தலையைக் குனிந்து முழுதையும் கேட்டுக்கொண்டான்.

“சரிட்டி. இனிம விட மாட்டேன்.”

மதினிக்கு மனசு ஆறிவிட்டது. டீ போட உள்ளே போனாள். நாங்கள் இருவர்தான். அவன் ஏதாவது கேட்பான், கேட்டால் நன்றாக இருக்கும் என்று காத்திருந்தேன்.

“பிள்ளைக்குக் காது ஆறிட்டா?” என்றான்.

“ஆறிட்டுண்ணே.”

மதினி எனக்கு முழு கிளாஸும் அவனுக்குக் கால் கிளாஸும் கொண்டுவந்து வைத்தாள். “நல்லாக் கேட்டாளா?” என்று அவனைப் பார்த்துச் சிரித்தாள்.

“கேட்டுட்டா” என்று சொல்லிவிட்டு, அண்ணன் தன் டீயை எடுத்துக்கொண்டான்.