சுங்குடிச் சேலையின் மறுமுனை

கொழும்பில் நான் வேலை செய்யும் கந்தோருக்கு எதிரே பெண்களுக்கான உடுப்புக் கடை ஒன்று இருக்கிறது. இந்தியக் கைத்தறியில் இந்தக் காலத்துச் சட்டைகள், சூழலைக் கெடுக்காத சாயம் என்று கண்ணாடியில் எழுதியிருப்பார்கள். விலையைப் பார்த்தால் சூழல் தப்பிவிடும், வாங்குகிறவள்தான் தப்பமாட்டாள். போன கிழமை அங்கே கருஞ்சிவப்புச் சுங்குடியில் ஒரு நீளச் சட்டை தொங்கியது. உள்ளே போய் அதன் வெள்ளைப் புள்ளிகளைத் தடவிப் பார்த்தேன். "போட்டுப் பாருங்கோ அக்கா" என்றாள் கடைப்பிள்ளை. எனக்கு அந்த நிமிடமே பஸ் ஏறி எங்கள் ஊர் பேசாலைக்குப் போய்ச் சித்தியின் மடியில் தலை வைக்கவேண்டும் போலிருந்தது.

சித்தி இந்தியாவில் அகதி முகாமில் இருந்துவிட்டுத் திரும்பி வந்தபோது நான் சின்னப் பிள்ளை. எங்கள் வீட்டுப் பக்கத்து அறையில் தையல் மெசினோடு குடியேறினார். சித்தப்பா கூட வரவில்லை. முகாமில் இருந்தபோதே அவர் ஆஸ்திரேலியாவுக்கென்று வள்ளம் ஏறியவர். போய்ச் சேர்ந்ததும் சித்தியைக் கூப்பிடுவதாகப் பேச்சு. ஒரு சேதியும் வரவில்லை. தனியே இருந்து அலுத்துத்தான் சித்தி ஊருக்கு வந்தார். வரும்போது, சித்தப்பா மதுரையில் வாங்கிக் கொடுத்த சேலையையும் கொண்டுவந்தார்.

அதைச் சேலை என்றால் யாரும் நம்பமாட்டார்கள். கருவாடு மாதிரிச் சுருண்டு, உடம்பெல்லாம் முடிச்சாகக் கிடந்தது. சுங்குடிக்குத் துணியைச் சின்னச் சின்னதாக நூலால் முடிந்துவிட்டுத்தான் சாயத்தில் தோய்ப்பார்கள். முடிந்த இடத்தில் சாயம் ஏறாது. பிறகு இரண்டு பேர் எதிரெதிரே நின்று இழுத்தால் முடிச்சுகள் கழன்று வெள்ளைப் புள்ளிகள் தெரியவரும். சித்தப்பா அவிழ்க்காமலே வாங்கியிருந்தார். "நான் கூப்பிட்ட பிறகு ரெண்டு பேருமா நிண்டு இழுப்பம்" என்று சொல்லிவிட்டுப் போனாராம். சேலை அலுமாரிக்குள் இருந்தது. ஒவ்வொரு ஆவணியிலும் சித்தி மடுத் திருவிழாவுக்குப் போய் மாதாவிடம் அவரைக் கேட்டுவிட்டு வருவார்.

அந்த நாட்களில் கொழும்பிலிருந்து ஒரு மிஸ் எங்கள் ஊருக்கு வருவார். இந்தியாவின் பழைய தறித் துணிகளைக் கொண்டுவந்து, எங்கள் பெண்களைக்கொண்டு புதுவிதமான சட்டைகள் தைப்பிப்பார். சட்டைக்குப் பொக்கற்றும் வைக்கச் சொன்னபோது எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பிறகு பார்த்தால் ஆளுக்கொரு பொக்கற் சட்டை தங்களுக்கும் தைத்து வைத்திருந்தார்கள். அந்த மிஸ்தான் ஒருநாள் திறந்திருந்த அலுமாரிக்குள் சேலையைக் கண்டுவிட்டார்.

"ஐயோ, என்ன வடிவு! இதை அவிழ்க்கவே வேண்டாம். இந்தச் சுருக்கத்தோடையே ஒரு சட்டை தைச்சால் கொழும்பிலை அள்ளிக்கொண்டு போவினம்."

"அது விக்கிறதுக்கில்லை மிஸ். அவர் வந்துதான் அவிழ்க்கவேணும்" என்றார் சித்தி.

மிஸ் வாயை மூடிக்கொண்டார். எனக்கு அந்தப் புத்தி ஏது? "மற்றப் பக்கத்தை நான் பிடிக்கிறன் சித்தி. அதிலை எனக்கு ஒரு சட்டை தைச்சுத் தாங்கோ!" என்று குதித்தேன். அம்மா என் தொடையில் கிள்ளினார். சித்தி கோபிக்கவில்லை. "உன்ர கை காணாது பிள்ளை" என்றார்.

கை நீளம் போதாது என்றால் வளர்த்துவிட்டால் போயிற்று! அன்றிலிருந்து கதவு நிலையில் கையை நீட்டி நீட்டி அளந்தேன். கொஞ்சம் வளர்ந்ததாகத் தோன்றினால் ஓடிப்போய் நிற்பேன். "இப்ப காணுமோ சித்தி?" சித்தி மெசினை நிறுத்தி என் கையை வடிவாகப் பார்ப்பார். "இன்னும் இல்லை."

ஒரு ஆவணி கழிந்த பிறகு, முகாமில் சித்தி சித்தப்பாவோடு இருந்த ஒருவர் தேடி வந்தார். அம்மா கதிரையை இழுத்துப் போட்டும் அவர் இருக்கவில்லை. நின்றபடியே சித்தியிடம் தாழ்ந்த குரலில் கதைத்தார். என்னை வெளியே போய் விளையாடச் சொன்னார்கள், நானும் விளையாடினேன். அதன்பிறகு கன நாள் மெசின் சத்தம் கேட்கவில்லை. அம்மா சாப்பாட்டை அறைக்குள் கொண்டுபோவதும் அப்படியே திருப்பிக் கொண்டுவருவதுமாக இருந்தார்.

பிறகு ஒரு பின்னேரம் சித்தி என்னைக் கூப்பிட்டார். கையில் அந்தச் சேலை.

"வா. இப்ப உன்ர கை காணும்."

எனக்குக் கால் நிலத்தில் நிற்கவில்லை. முற்றத்தில் நான் ஒரு முனை, சித்தி ஒரு முனை. இழுத்தோம். முடிச்சுகள் படபடவென்று கழன்றன. அந்தச் சத்தத்தை இன்னொருமுறை கேட்க எதையும் கொடுப்பேன். கருஞ்சிவப்பில் வெள்ளைப் புள்ளிகள் எங்கள் நடுவே விரிந்துகொண்டே போயின. நான் கூச்சல் போட்டுச் சிரித்தேன். சித்தியின் கண்ணால் தண்ணீர் ஓடியது. கேட்டதற்குச் சாயத்தூள் விழுந்துவிட்டது என்றார். அன்றைக்கே கத்தரிக்கோலை எடுத்துச் சேலையை வெட்டி, பொக்கற் வைத்து எனக்குச் சட்டை தைத்துத் தந்தார்.

ஞாயிற்றுக்கிழமை அதைப் போட்டுக்கொண்டு மாதா கோயிலுக்குப் போனேன். பூசை யார் யாருக்காக ஒப்புக்கொடுக்கப்படுகிறது என்று பங்குச் சாமியார் ஒலிபெருக்கியில் வாசித்தார். அதில் எங்கள் சித்தப்பாவின் பெயர்! அவருடைய ஆன்ம இளைப்பாற்றிக்காக என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. இளைப்பாறுவது என்றால் என்னவென்றும் தெரியும். மடுவுக்கு நடந்து போகிறவர்கள் களைத்தால் மரநிழலில் கொஞ்சம் இருப்பார்கள், பிறகு எழும்பி நடப்பார்கள்.

"சித்தி, சித்தப்பா இளைப்பாறுறாராம். இனி வந்திடுவார், என்ன?"

சித்தி என் சட்டைப் பொக்கற்றுக்குள் கையை விட்டு, உள்ளே இருந்த என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஓம் பிள்ளை. அவர் நல்லாக் களைச்சுப் போனார்."

சேலையை வெட்டிப்போட்டோமே, அவர் வந்து கேட்டால் என்ன சொல்வது என்பதுதான் அன்று பூசை முடியும்வரை என் கவலை.